கணக்கு டீச்சரின் நிழல்

எலும்பு மஜ்ஜை ஏற்றிய பதினேழாம் நாள் காலை பத்து மணிக்கு, கணக்கு டீச்சரின் நிழல் அவளுடைய தம்பியின் நிழலாக விழுந்தது. கட்டிலில் அவள் மொட்டைத் தலையும் குச்சிக் கைகளுமாகச் சாய்ந்திருந்தாள். சுவரில் தெரிந்ததோ லிஃப்ட் மெக்கானிக்கான தம்பியின் தொப்பையும், விரிந்த காதுகளும், கருவிப் பை சுமந்து சுமந்து இறங்கிப்போன வலது தோளும். முதலில் கவனித்தது தம்பி மனைவிதான். “அண்ணி, இந்தத் தொப்பை உங்களுக்கு எப்போ வந்துச்சு?” என்று முகக்கவசத்துக்குள் சிரித்தாள். டாக்டர் சுவரைப் பார்த்தார், ரத்த அறிக்கையைப் பார்த்தார், தம்பியின் மஜ்ஜை பிடித்துவிட்டதாகக் கோப்பில் எழுதினார். அந்த வார்டில் ரத்தப் புற்றுநோய்க்காக அந்த மாதம் மஜ்ஜை ஏற்றிக்கொண்டவர்கள் ஆறு பேர். ஐவருக்கு நிழல் மாறியது. மாறாத லாரி டிரைவர் ஐந்தாம் வாரம் இறந்துபோனார்.

தம்பிக்குப் பெருமை தாங்கவில்லை. மஜ்ஜை எடுத்த இடுப்பெலும்பு குடைந்ததைக்கூட மறந்துவிட்டு, கண்ணாடிக் கதவுக்கு வெளியே நின்று கையை ஆட்டிப் பார்த்தான். சுவரில் இருந்த அவன் நிழல் அசையவில்லை. அக்கா தண்ணீர் குடிக்கக் கை நீட்டியபோதுதான் அதுவும் நீட்டியது.

நாற்பதாம் நாள் அவள் உள்ளங்கைகள் சிவந்தன. வாயெல்லாம் புண், வயிற்றுப்போக்கு. தோல் உரிந்து படுக்கை விரிப்பில் ஒட்டியது. புது ரத்தத்துக்கு இந்த உடம்பு அந்நியமாகத் தெரிகிறது, அதனால் தாக்குகிறது என்றார் டாக்டர்.

“என் ரத்தத்துக்கு எங்க அக்காவையே அடையாளம் தெரியலையா, சார்?”

“தெரியலை. ஆனா கொஞ்சம் அடிச்சாத்தான் மிச்சம் மீதி இருக்கற நோயும் சாகும். ரொம்ப அடிச்சா ஆபத்து.”

எது கொஞ்சம், எது ரொம்ப என்று அவன் கேட்டான். டாக்டர் மாத்திரையின் அளவைக் கூட்டினார். எந்தக் கட்டடத்தில் லிஃப்ட் நின்றாலும் ஒரு மணி நேரத்தில் ஓட வைக்கிறவன், அன்று வராந்தாவில் உட்கார்ந்து தன் கையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

ஒருவழியாகப் புண் ஆறியது. ஒன்பதாம் மாதம் அவள் பள்ளிக்குப் போனாள். கரும்பலகையில் தொப்பை விழுவதைப் பார்த்துப் பிள்ளைகள் சிரித்தபோது, “இந்த வருஷம் ரெண்டு பேரா பாடம் நடத்தறோம், கவனிங்க,” என்றாள். கல்யாணம் வேண்டாம் என்று தம்பி குடும்பத்தோடே இருந்துவிட்டவள். ஞாயிறு தோறும் காலையில் வீட்டுச் சுவர் முன் நின்று, தம்பி மனைவியிடம் நிழலின் ஓரத்தைச் சாக்பீஸால் கோடு போடச் சொன்னாள். வருடம் திரும்புவதற்குள் அந்த ஆறு பேரில் இன்னும் இருவர் போய்ச் சேர்ந்திருந்தார்கள். ஒருவரை நிமோனியா கொண்டுபோனது. இன்னொருவருக்குப் பழைய நோயே திரும்பியது.

“நூத்துல எத்தனை பேர் பிழைப்பாங்கன்னு எனக்குத் தெரியும்டா,” என்றாள் தம்பியிடம். “அந்த நூத்துல நான் எந்தப் பக்கம் நிக்கறேன்னுதான் தெரியலை.”

பதினான்காம் மாதம் ஒரு ஞாயிறு, நிழலின் தோளுக்குக் கீழே மெல்லிய பின்னல் ஒன்று தொங்கியது. அவள் தலையில் விரல் நீளத்துக்குத்தான் முடி முளைத்திருந்தது. தொங்கியது நோய்க்கு முந்தைய பின்னல். “அண்ணி பழையபடி ஆகறாங்க!” என்று தம்பி மனைவி தெரு வரைக்கும் கேட்கச் சொன்னாள். மறுநாள் காலை அக்கா ஆஸ்பத்திரிக்குப் போனாள். டாக்டர் ஒரு சொட்டு ரத்தத்தைக் கண்ணாடித் தகட்டில் பார்த்துவிட்டு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். அவளுடைய சொந்த ரத்தம் திரும்பி வந்திருந்தது. நோயும் அதோடுதான் வந்திருந்தது.

தம்பியின் ரத்த அணுக்களை இன்னொரு முறை ஏற்றினார்கள். மூன்று வாரம் பின்னல் மறைந்து தொப்பை திரும்பியது. ஆனால் அந்த அடியை நுரையீரல் தாங்கவில்லை. நாலு படி ஏறினால் மூச்சு இரைத்தது. நான்காம் வாரம் பின்னல் மறுபடி எட்டிப் பார்த்தது.

தம்பி சட்டைக் கையை மடித்துக்கொண்டு டாக்டர் அறைக்குப் போனான். “எவ்வளவு வேணும்னாலும் எடுத்துக்கோங்க, சார். ஊர்ப்பட்ட ரத்தம் இருக்கு என் உடம்புல.”

“இருக்கு. ஏத்தினா அதுவே அவங்களைக் கொன்னுடும்.”

மடித்த சட்டைக் கையை இறக்கிவிட மறந்து அப்படியே பஸ் ஏறி வீட்டுக்கு வந்தான். அதன் பிறகு வேலைக்குப் போகவில்லை. அவளுக்குத் தலையணை சரிசெய்தான், கஞ்சி ஆற்றினான், நகம் வெட்டிவிட்டான். வாரா வாரம் தன் காது, தன் தோள், தன் தொப்பை ஒவ்வொன்றாகச் சுவரிலிருந்து கழன்றுபோவதைப் பார்த்துக்கொண்டிருந்தான். கடைசித் துண்டும் போன காலையில் அவள் சுவரையே வெகுநேரம் பார்த்திருந்தாள். பிறகு ஜன்னலோரம் நின்றிருந்தவனைக் கூப்பிட்டாள்.

“கொஞ்சம் தள்ளி நில்லுடா. உன் நிழல் என் மேல விழுது.”

அவன் தள்ளி நின்றான்.

பதினோரு நாள் கழித்து அவளைப் பாடையில் தூக்கிக்கொண்டு வெயிலில் இறங்கியபோது, தரையில் அவள் நிழல் பின்னலோடு முழுசாகக் கூட வந்தது. தூக்கியவர்கள் அதை மிதிக்காமல் பார்த்து நடந்தார்கள்.