நாற்பத்து மூன்று பச்சைக் குறிகள்

என் மகள் வைத்துவிட்டுப் போன பாக்கி பதினோராயிரத்து எழுநூற்று நாற்பது. அது எனக்குத் தெரியவந்தது அவள் செத்த முப்பத்து நாலாம் நாள். கிடங்கில் லாரியிலிருந்து மூட்டை இறக்கிக்கொண்டிருந்தேன். அவளுடைய போன் என் சட்டைப்பையில் இருந்தது. அதை அணைத்துவைக்க மனசு வரவில்லை.

"மேடம் இருக்காங்களா?" என்று ஒரு பெண் குரல்.

"இல்லம்மா."

"எப்போ வருவாங்க?"

"நான் அப்பாதான் பேசுறேன், சொல்லுங்க" என்றேன்.

"சர்வர் வாடகை நிக்குது சார். இந்த வருஷத்துக்கு இன்னும் கட்டலை. கட்டலைன்னா அவங்க பக்கத்தையெல்லாம் நிறுத்திடுவோம்."

"நிறுத்திடாதீங்கம்மா. நான் கட்டிடுறேன். நாலு தவணையா எடுத்துக்குவீங்களா?"

அந்தப் பெண் யாரிடமோ கேட்டுவிட்டு வந்து சரி என்றாள். தவணைக்கு இரண்டாயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தைந்து. மகள் இறந்துபோனதை மட்டும் அவளிடம் நான் சொல்லவில்லை. வாயில் வரவில்லை.

வீட்டில் சொன்னதும் என் மனைவி கையிலிருந்த துணியை அப்படியே கீழே போட்டாள். அவள் ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில் துணி மடிக்கிறவள். வீட்டுக்கு வந்தாலும் கை மடித்துக்கொண்டேதான் இருக்கும்.

"வாடகையா? எந்த வீட்டுக்கு?"

"பாப்பா எழுதி வெச்ச பாடமெல்லாம் ஒரு இடத்துல இருக்குல்ல. அந்த இடத்துக்கு."

"உயிரோட இருக்கிறவங்க வாடகைக்கே மூச்சு முட்டுது. நீங்க வேற."

அவ்வளவுதான் சொன்னாள். மறுநாள் நான் வேலைக்குக் கிளம்பும்போது ஐந்நூறை என் பையில் திணித்துவிட்டு, ஒன்றும் தெரியாதவள் மாதிரி உள்ளே போய்விட்டாள்.

பாப்பா பகலில் ஒரு சரக்குப் போக்குவரத்து ஆபீசில் பில் அடித்தாள். சம்பளம் அதில்தான். அவள் உயிரைக் கொடுத்துச் செய்த வேலை இன்னொன்று. கம்ப்யூட்டருக்கு வேலை சொல்லித் தர ஒரு மொழி இருக்கிறது. அதற்கு முதலாளி கிடையாது. யார் வேண்டுமானாலும் காசில்லாமல் எடுத்துக்கொள்ளலாம், யார் வேண்டுமானாலும் திருத்தலாம். அந்த மொழியைக் கற்றுக்கொள்ளத் தமிழில் ஒரு பெரிய கையேடு. அதில் பக்கத்துக்குப் பக்கம், 'மேலும் படிக்க' என்று வேறு இடங்களுக்கு வழிகாட்டும் இணைப்புகள். எல்லாம் சேர்த்து ஆறாயிரத்துக்கு மேல். அந்த இடங்கள் மாறிக்கொண்டே இருக்கும். சிலர் கடையைக் கட்டிவிட்டுப் போய்விடுவார்கள். செத்த இணைப்பைக் கண்டுபிடித்து, புது விலாசத்தைத் தேடிப் போடுவதுதான் என் மகளின் வேலை. அந்தக் குழுவில் எல்லாருக்கும் புனைபெயர்தான். இவள் பெயர் எறும்பு. தலைமை தாங்கியவருக்குத் தபால்காரர் என்று பெயர். அவர் முகத்தை யாரும் பார்த்ததில்லை.

"சம்பளம் எவ்வளவு?" என்று முதலில் கேட்டேன்.

"கிடையாதுப்பா."

"அப்ப லீவு?"

"அதுவும் கிடையாது."

"நல்ல முதலாளி. எங்க மேஸ்திரிகிட்ட சொல்லிடாதே, அவனும் கத்துக்குவான்."

நான் எழுத்துக் கற்றதும் அந்த வேலையில்தான். அப்போது எனக்கு நாற்பத்தொன்பது வயது. அதுவரை மூட்டையில் இருக்கும் குறியைப் பார்த்தே எந்தக் கடைச் சரக்கு என்று சொல்லிவிடுவேன். எழுத்து தேவைப்படவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை அவள் என்னைப் பக்கத்தில் உட்காரவைத்தாள்.

"அப்பா, ராத்திரியெல்லாம் ஒரு இயந்திரம் எல்லா இணைப்பையும் தட்டிப் பார்க்கும். கதவு திறந்தா பச்சைக் குறி போடும், திறக்கலைன்னா சிவப்பு. ஆனா அது கதவைத் தாண்டி உள்ளே போய்ப் பார்க்காது. உள்ளே வேற ஆள் உட்கார்ந்திருந்தாலும் பச்சைதான். அதனால ஒவ்வொன்னா திறந்து, தலைப்பும் உள்ளே இருக்கிறதும் ஒன்னுதானான்னு மனுஷன் பார்க்கணும்."

"சீட்டுல சர்க்கரைன்னு இருக்கும், மூட்டைக்குள்ள உப்பு இருக்கும். அதானே?"

"அதேதான்! இவ்வளவு நாள் எங்கே இருந்தீங்க நீங்க?"

கையேட்டில் ஒரு தலைப்பு, திறந்த பக்கத்தில் ஒரு தலைப்பு. இரண்டையும் எழுத்தெழுத்தாகக் கூட்டி வாசிப்பேன். ஒத்துப்போனால் 'சரி' என்பேன். ஒரு தலைப்புக்குக் கால்மணி நேரம் ஆன காலமும் உண்டு. ஒரு வருஷத்தில் செய்தித்தாள் வாசிக்க வந்தது.

பிறகு அவளே பதினேழு பாடங்கள் எழுதித் தன் சொந்த விலாசத்தில் வைத்தாள். கையேட்டில் நாற்பத்து மூன்று இடங்களில் அந்தப் பாடங்களுக்கு வழி போட்டார்கள். இருபத்தாறு வயதில் ஒரு காய்ச்சல் வந்தது. ஒன்பது நாள்.

மாசத்துக்கு ஒன்றாக மூன்று தவணை கட்டினேன். மேஸ்திரியிடம் கேட்டு, எல்லாரும் போனபிறகு வருகிற லாரியையும் எடுத்துக்கொண்டேன். "என்ன மாமா, ரெண்டாங் கல்யாணத்துக்குச் சேர்க்கிறீங்களா?" என்று பையன்கள் கேலி பேசுவார்கள். "ஆமாடா, உங்க அத்தைகிட்ட கேட்டுட்டேன், மொய் மட்டும் மறக்காம வெச்சுடுங்க" என்பேன்.

ஞாயிறு காலையில் பாப்பாவின் கம்ப்யூட்டரைத் திறந்து, ராத்திரி இயந்திரம் குறி போட்ட பட்டியலைப் பார்ப்பேன். அவள் விலாசம் இருக்கிற வரிகளை மட்டும் தேடுவேன். நாற்பத்து மூன்றும் பச்சை. அதைத் திறந்து பார்க்க மட்டும் கை போகாது. உள்ளே அவள் பேசுகிற மாதிரியே எழுதியிருப்பாள். அதை வாசிக்கிற தைரியம் எனக்கு இல்லை. பச்சையைப் பார்த்துவிட்டு மூடிவிடுவேன்.

மனைவி அடுப்படியிலிருந்தே கேட்பாள்: "பாப்பா பச்சையா இருக்காளா?"

"இருக்கா."

அந்த ஒரு பதிலுக்காகத்தான் ஆறு நாளும் மூட்டை தூக்கினேன் என்று சொன்னால் பொய்யில்லை.

நாலாவது மாதம் குழுவின் செய்திப் பலகையில் ஒரு மாணவி எழுதியிருந்தாள்: 'எறும்பு அக்காவின் பாடத்தைத் திறந்தால் சூதாட்ட விளம்பரம் வருகிறது. என் தம்பி அதில் பணம் கட்டிவிட்டான்.'

இரண்டு தடவை வாசித்தேன். வாசிப்பில் தப்போ என்று மனைவியைக் கூப்பிட்டேன். அவள் எட்டாம் வகுப்பு வரை படித்தவள். அவள் வாசித்தும் அதேதான். பிறகு நானே முதல் இணைப்பைத் திறந்தேன். ஒரு வண்ணச் சக்கரம் சுற்றியது. 'முதல் ஆட்டம் இலவசம்' என்று எழுத்து மின்னியது. இரண்டாவதிலும் சக்கரம். மூன்றாவதிலும்.

பட்டியலில் எல்லாம் பச்சை.

சர்வர் கம்பெனிப் பெண்ணுக்குப் போன் போட்டேன். "வாடகைதான் ஒழுங்கா கட்டிட்டு வர்றேனேம்மா!"

அவள் பார்த்துவிட்டுச் சொன்னாள். "சார், நீங்க கட்டுறது இடத்துக்கு. விலாசத்துல இருக்கிற பேருக்குத் தனி வாடகை. அது வேற கம்பெனி. அவங்ககிட்ட அந்தப் பேரை வருஷாவருஷம் புதுப்பிக்கணும். மேடம் மெயிலுக்கு நாலஞ்சு தடவை எழுதியிருப்பாங்களே, அவங்க பார்க்கலையா?"

"அவ இல்லம்மா. செத்து அஞ்சு மாசம் ஆகுது."



"முதல்லயே சொல்லியிருக்கலாமே சார். பேரையும் பார்த்துக்குங்கன்னு சொல்லியிருப்பேன். நானூத்தி ஐம்பது கட்டியிருந்தா போதும். இப்ப எவனோ வாங்கிட்டான். திருப்பிக் கேட்டா லட்சத்துல சொல்லுவான்."

நானூற்று ஐம்பது. நான் ஒன்றரை நாள் தூக்குகிற கூலி. இந்த முதுகில் எத்தனை சரக்கு ஏறியிருக்கும், அந்தத் தொகை மாதிரி எதுவும் அழுத்தியதில்லை. முதல் நாளே 'செத்துட்டாம்மா' என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் பேர் நின்றிருக்கும். ஒரு ஞாயிற்றுக்கிழமை ஒரே ஒரு பக்கத்தைத் திறந்திருந்தால் அப்போதே தெரிந்திருக்கும். என் மகள் எனக்கு முதல் பாடமாகச் சொன்னதே அதுதான்.

சாயங்காலம் தபால்காரர் பாப்பாவின் போனுக்குக் கூப்பிட்டுப் பேசினார். குரலைக் கேட்டால் என் வயதுதான் இருக்கும்.

"அண்ணே, மன்னிச்சுக்கணும். நாங்களும் பச்சையைப் பார்த்து ஏமாந்துட்டோம். அவ இருந்த வரைக்கும் ஒவ்வொன்னா திறந்து பார்ப்பா. அவளுக்கு அப்புறம் அதைச் செய்ய ஆள் வரலை."

"இப்ப என்ன செய்வீங்க தம்பி?"

"ஞாயித்துக்கிழமை கையேட்டோட புதுப் பதிப்பு வருது. அதுக்குள்ள அந்த நாப்பத்து மூணையும் எடுத்தாகணும். பிள்ளைங்க சூதாட்டத்துல போய் விழுறாங்க. வேற ஒருத்தர் எழுதின பாடம் இருக்கு, அதைப் போட்டுடலாம்."

"அவ எழுதினது?"

"அசல் கிடைச்சா கையேட்டுக்குள்ளேயே வெச்சுக்கலாம்ணே. அப்ப எவன் பேரை வித்தாலும் நமக்குக் கவலையில்லை. கிடைக்குமா?"

அவள் கம்ப்யூட்டரில் நகல் இல்லை; அசல் சர்வர் கம்பெனியிடம்தான் இருந்தது. கடைசித் தவணை கட்டாமல் கொடுக்கக் கூடாது என்பது அவர்கள் சட்டம். எனக்குச் சம்பளம் மறு வாரம்தான். மேஸ்திரியிடம் முன்பணம் கேட்டேன். ஏற்கெனவே வாங்கியதைக் காட்டிக் கையை விரித்தான். வெள்ளிக்கிழமை மறுபடி அந்தப் பெண்ணைக் கூப்பிட்டு, இருந்ததை இருந்தபடி சொன்னேன்.

"அடுத்த சனிக்கிழமை கட்டிடுவீங்களா சார்?"

"சத்தியமா கட்டிடுறேன்."

"என் பொறுப்புல அனுப்புறேன். ஒரு இணைப்பு வரும். ஏழு நாள்தான் உயிரோட இருக்கும், உடனே இறக்கிக்குங்க."

சனிக்கிழமை அரை நாள் விடுப்புப் போட்டேன். பதினேழு பாடங்களும் வந்து சேர்ந்தன. தபால்காரர் அவற்றைக் கையேட்டுக்குள் ஏற்றிவிட்டு, "நாப்பத்து மூணு இடத்துலயும் விலாசத்தை மாத்தணும். நான் செய்யட்டுமா, நீங்க செய்றீங்களாண்ணே?" என்றார்.

"நானே செய்றேன்."

மனைவி வாசிக்க, நான் ஒற்றை விரலால் தட்டினேன். ஒவ்வொன்றையும் மாற்றியபின் திறந்து பார்த்தோம். இந்தத் தடவை ஒன்றைக்கூட விடவில்லை. அதனால் அவள் எழுதியதை வாசித்துத்தான் ஆகவேண்டியிருந்தது. ஒன்பதாவது பாடம், ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்யச் சொல்வது எப்படி என்பது. அதற்கு அவள் கொடுத்திருந்த உதாரணம்:

மூட்டை = 180
மூட்டை இருக்கும்வரை:
    மூட்டை = மூட்டை - 1
சொல் "அப்பா உட்காரலாம்"

மனைவி கடைசி வரியை வாசித்துவிட்டு நிறுத்தினாள். சுவரைப் பார்த்துக்கொண்டு, "நூத்தியெண்பதா தூக்குவீங்க?" என்றாள்.

"அப்பல்லாம். இப்ப நூத்தி முப்பதுக்கே முதுகு கேள்வி கேட்குது."

"எங்கிட்ட சொன்னதில்லையே."

"அவகிட்டயும் சொன்னதில்லை. எப்படி எண்ணினாளோ."

பிறகு அவள்தான் "அடுத்தது போடுங்க, இன்னும் இருபத்தோரு இடம் இருக்கு" என்றாள். சாயங்காலத்துக்குள் முடித்தோம்.

மாற்றம் செய்தால் ஒரு வரியில் காரணம் எழுதவேண்டும் என்பது அந்தக் குழுவின் விதி. பழைய காரணங்களைப் பார்த்தேன். 'பக்கம் இடம் மாறியது - எறும்பு.' 'எழுதியவர் நிறுத்திவிட்டார் - எறும்பு.' இப்படி நூற்றுக்கணக்கில் அவள் எழுதியிருந்தாள். நான் எழுதினேன்: 'எழுதியவர் இறந்துவிட்டார். பாடங்களை இங்கே கொண்டுவந்துவிட்டோம்.' அந்த வார்த்தையை அன்றுதான் முதன்முதலாக எழுதினேன்.

மறு சனிக்கிழமை சம்பளம் வந்ததும் இரண்டாயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தைந்தைக் கட்டிவிட்டு அந்தப் பெண்ணுக்குப் போன் செய்தேன்.

"வந்துடுச்சு சார். பாக்கி எதுவும் இல்லை." பிறகு கேட்டாள்: "மேடம் பேர்ல இருக்கிற கணக்கை என்ன செய்யட்டும்? வெச்சிருந்தா அடுத்த வருஷமும் வாடகை வரும். மூடினா அவங்க பேரு எங்ககிட்ட இருக்காது."

போனை ஸ்பீக்கரில் போட்டிருந்தேன்; மனைவி வாசற்படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். கையில் துணி இல்லாமலே விரல்கள் மடித்துக்கொண்டிருந்தன. நான் அவள் முகத்தைப் பார்த்தேன். அவள் சரி என்று தலையசைத்தாள்.

"மூடிடும்மா" என்றேன்.