முகப்பூச்சு காய்வதற்குள்

நுழைவுத்தேர்வுக்கு எட்டே நாள் இருந்த சனிக்கிழமை காலை, சித்தியின் அழகு நிலையத்தில் சுருட்டை வெள்ளரிக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். பதினேழு வயது. பிறந்தபோது வைத்த பெயர் ஒன்று இருந்தது. அவள் தலைமுடியைப் பார்த்தபிறகு அதை யாரும் கேட்டதில்லை.

சனிக்கிழமைகளில் சித்திக்கு உதவ வருகிறேன் என்று அவள் சொல்வது பாதி பொய். வீட்டிலிருந்து தப்பிக்கத்தான் வருவாள். அங்கே ஃபிரிட்ஜ் கதவில் அப்பா ஓர் அட்டவணை ஒட்டியிருந்தார். தண்ணீர் குடிக்கப் போனால்கூட ‘கரிம வேதியியல் - இன்னும் ஆறு பாடம்’ என்று சிவப்பு எழுத்து முறைக்கும். அம்மா, மகள் டாக்டராகப் போகிறாள் என்று உறவு முழுக்கச் சொல்லி முடித்துவிட்டாள். பெரியப்பா இப்போதே முழங்கால் வலிக்கு அவளிடம் மாத்திரை கேட்க ஆரம்பித்திருந்தார். கடைசி மாதிரித் தேர்வில் அவள் எடுத்ததோ நூற்றுக்கு நாற்பத்தொன்று.

வாசல் மணி அடித்தது. உள்ளே வந்தவரைப் பார்த்ததும் வெள்ளரிக்காய் கையிலிருந்து நழுவி மேசைக்கடியில் உருண்டது.

ஆசிட் மேடம்.

பயிற்சி மையத்தில் வேதியியல் எடுப்பவர். நாற்பத்தெட்டு வயது. அவர் திருத்திக் கொடுத்த விடைத்தாளைத் தொட்டால் விரல் எரியும் என்று பிள்ளைகள் சொல்வார்கள்.

“முகத்துக்கு ஏதாவது பண்ணணும். ரொம்ப வாடிக் கிடக்கு” என்று சித்தியிடம் சொன்னவர், சுருட்டையைக் கவனித்தார். “நீ இங்க என்ன பண்ற? படிக்கல?”

“வெள்ளரிக்காய் மேடம்” என்றாள் சுருட்டை. வேறெதுவும் வாயில் வரவில்லை.

அவள் பார்வை மேடத்தின் தோளில் தொங்கிய பழுப்புத் தோல்பையில் ஒட்டிக்கொண்டது. போன மாதம் மேடம் மூன்று நாள் லீவு போட்டிருந்தார். திரும்பி வந்ததிலிருந்து அந்தப் பையைக் கீழே வைத்து யாரும் பார்த்ததில்லை. நுழைவுத்தேர்வுக்கு வினாத்தாள் தயாரிக்கும் குழுவில் மேடம் இருக்கிறார், பைக்குள் வினாத்தாள் இருக்கிறது என்று மையம் முழுக்கப் பேச்சு. யார் ஆரம்பித்தது என்று யாருக்கும் தெரியாது. யாருக்கும் சந்தேகமும் இல்லை.

இப்போது மேடம் உள்ளறைக்குப் போனார், பையைக் கழற்றினார், கதவுக்குப் பின்னால் கொக்கியில் மாட்டினார்.

சுருட்டை கழிவறைக்குள் ஓடி, நெட்டைக்குப் போன் போட்டாள். நெட்டை அவளோடு ஒரே பெஞ்சில் உட்காருகிறவள், வீடு அடுத்த தெரு. அவள் அண்ணன் மருத்துவக் கல்லூரியில் இருந்தான். அந்த வீட்டில் அவன் பேச்சை எடுக்காமல் ஒரு வாய் சோறு இறங்காது.

“பை தனியா தொங்குது.”

“எந்தப் பை?”

“அந்தப் பை.”

“வேணாம்டி. தப்புடி. மாட்டினா எங்கம்மா உயிரோட இருக்கமாட்டா. இரு, செருப்பு போட்டுட்டேன்” என்றாள் நெட்டை.

உள்ளறையில் மேடம் சாய்வு நாற்காலியில் படுத்திருந்தார். சித்தி அவர் முகத்தில் பச்சைக் களிம்பை அப்பி, கண்கள்மேல் இரண்டு வெள்ளரி வில்லைகளை வைத்தாள்.

“இருபது நிமிஷம் மேடம். அசையக்கூடாது, பேசக்கூடாது, முக்கியமா சிரிக்கக்கூடாது. விரிசல் விட்டுச்சுன்னா பண்ணதெல்லாம் வேஸ்ட்.”

சிரிக்கக் கூடாது என்று ஆசிட் மேடத்திடம் சொன்ன ஒரே ஆள் உலகத்திலேயே சித்தியாகத்தான் இருக்கும். “பக்கத்துலயே இருடி” என்று சுருட்டையிடம் சொல்லிவிட்டு, புருவம் திருத்தக் காத்திருந்த இன்னொரு பெண்ணைக் கவனிக்க முன்னறைக்குப் போனாள்.

பின்கதவு வழியாக நெட்டை நுழைந்தாள். பச்சை முகத்தைப் பார்த்தாள். அவளுக்கு ஒரு வியாதி உண்டு: பயம் வந்தால் சிரிப்பு வரும். இரண்டு கைகளாலும் வாயைப் பொத்திக்கொண்டாள்.

“யாழு?” என்றார் மேடம், உதடு அசையாமல்.

“நான்தான் மேடம். ஹேர் ட்ரையர் ரிப்பேரு, சரி பார்க்கறேன்” என்று சொல்லி, சுருட்டை ட்ரையரைப் போட்டுவிட்டாள். அந்த இரைச்சலில் நெட்டை பையின் ஜிப்பை இழுத்தாள்.

மடக்குக் குடை. தலைவலி மாத்திரை. பாதி கடித்த பிஸ்கட் பொட்டலம். அடியில் பழுப்பு நிற உறை. இதை மட்டும் பார்த்துவிட்டால் போதும். அட்டவணையைக் கிழித்துப் போடலாம், பெரியப்பாவுக்கு மாத்திரை எழுதித் தரலாம். சுருட்டை உறையைப் பிரித்தாள்.

உள்ளே ஒரு ஹால் டிக்கெட். சட்டக் கல்லூரி நுழைவுத்தேர்வு, அடுத்த ஞாயிறு. புகைப்படத்தில் ஆசிட் மேடம், தப்பாகக் கணக்குப் போட்ட பையனை முறைப்பதுபோலக் கேமராவையே முறைத்துக்கொண்டிருந்தார்.

இருவரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். நெட்டை பைக்குள் கிடந்த மூக்குக் கண்ணாடிக்கூட்டைத் திறந்தாள். அதற்குள் கண்ணாடி இல்லை. தீப்பெட்டி அகலத்துக்கு நறுக்கி, மடித்து, வரிசையாக அடுக்கிய காகிதத் துண்டுகள். ஒன்றைப் பிரித்தாள். ‘ஒப்பந்தம் செல்லாமல் போகும் காரணங்கள்’ என்று எறும்பு ஊர்ந்ததுபோல எழுதியிருந்தது. அவர்கள் விடைத்தாள்களில் ‘கவனமே இல்லை’ என்று வருஷம் முழுக்க எழுதிய அதே கையெழுத்து.

“பிட்டு” என்றாள் நெட்டை. சொன்னது அவ்வளவுதான். அடக்கி வைத்த சிரிப்பு மூக்கு வழியாகப் பீறிட்டது. பக்கத்தில் களிம்புக் கிண்ணங்கள் வைத்திருந்த சின்னத் தள்ளுவண்டிமேல் உட்கார்ந்தாள். அதற்குச் சக்கரம் இருந்தது. அறையின் குறுக்கே சவாரி போய், சுவரில் மோதி, களிம்புக் கிண்ணங்களோடு கவிழ்ந்தாள். கண்ணாடிக்கூடு வாய் பிளந்தது. ட்ரையர் காற்றில் நாற்பது பிட்டுகளும் மேலே கிளம்பின.

மேடம் எழுந்து உட்கார்ந்தார். வெள்ளரி ஒரு கண்ணிலிருந்து விழுந்தது, இன்னொன்று ஒட்டிக்கொண்டிருந்தது. ஒற்றைக் கண்ணால் அறை முழுக்கத் தன் பிட்டுகள் பறப்பதைப் பார்த்தார். ஒன்று மெதுவாக இறங்கி அவர் நெற்றிக் களிம்பிலேயே ஒட்டியது.

“ட்ரையரை நிறுத்து!”

முகம் குறுக்கும் நெடுக்குமாகப் பிளந்தது.

“என் பைக்குள்ள உங்களுக்கு என்ன வேலை?”

“உங்க பைக்குள்ள இதுக்கு என்ன வேலை மேடம்?” என்று தரையிலிருந்தபடி கேட்டாள் நெட்டை. தைரியம் ஒன்றுமில்லை, பயத்தில் வந்தது.

அதற்குள் முன்னறையிலிருந்து சித்தியின் குரல்: “என்னடி சத்தம்?”

அதன்பிறகு நடந்ததை யாரும் திட்டமிடவில்லை. மேடம் பாய்ந்து ஒரு பிடி பிட்டை அள்ளித் தனக்குக் கீழே போட்டு உட்கார்ந்தார். சுருட்டை மீதியைத் துண்டால் மூடினாள். நெட்டை கையில் ஒன்று மிச்சமிருந்தது; கதவு திறப்பதைப் பார்த்து வாயில் போட்டுக்கொண்டாள்.

“ஐயோ, முகமெல்லாம் வெடிச்சுப் போச்சே! நெத்தியில என்ன காகிதம்?”

“வியர்வை ஒத்தினேன்” என்றார் மேடம் கம்பீரமாக. “சிரிச்சும் தொலைச்சுட்டேன்.”

“நீங்களா?” என்றாள் சித்தி. நம்பவில்லை. ஆனாலும் பழைய களிம்பைக் கழுவிப் புதிதாகப் பூசினாள். “மறுபடி இருபது நிமிஷம். இவ யாரு? நீ என்னம்மா மெல்லற?”

நெட்டை விழுங்கினாள். “ஒண்ணுமில்ல சித்தி.”

சித்தி போனதும் மேடம் உதட்டோரத்தால் பேசினார். “எது போச்சு?”

“ஒப்பந்தம் செல்லாமல் போகும் காரணங்கள்” என்றாள் நெட்டை குற்ற உணர்ச்சியோடு.

“அதுதான் எனக்கு நிக்கவே மாட்டேங்குது.”

சுருட்டைக்கு எங்கிருந்தோ உண்மை பேசும் வேகம் வந்தது. “மேடம், கொஸ்டின் பேப்பர் தேடினோம். நீங்க குழுவுல இருக்கீங்கன்னு எல்லாரும் சொன்னாங்க.”

“என்னையா? என்னை எந்தக் குழுவுல சேர்ப்பாங்க? நம்ம சென்டர் ஆண்டு விழாக் குழுவுலயே சேர்க்கல.” நழுவிய வெள்ளரியைக் கண்மேல் அழுத்தி வைத்துக்கொண்டார். “உங்க வயசுல சட்டம் படிக்கணும்னு ஆசை. வீட்டுல சயின்ஸ்தான்னு சொல்லிட்டாங்க. இப்ப சாயங்காலக் கல்லூரி ஒண்ணு இருக்கு. விண்ணப்பம் குடுக்கத்தான் அந்த மூணு நாள் அலைஞ்சேன். வீட்டுக்காரருக்குக்கூடத் தெரியாது, இப்ப நான் ஸ்பெஷல் கிளாஸ் எடுத்துட்டிருக்கேன்னு நினைச்சுட்டிருக்காரு. படிச்சா மனசுல நிக்கல. மாதிரித் தேர்வுல முப்பத்தெட்டு.”

“முப்பத்தெட்டா? நான் நாப்பத்தொண்ணு!” என்று கத்திவிட்டாள் சுருட்டை. கத்தியபிறகுதான் யாரிடம் என்று உறைத்தது.

பச்சைக் களிம்பு லேசாக நடுங்கியது. மேடம் சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தார்.

“நீயும் எழுதி வச்சிருப்பியே. காட்டு.”

சுருட்டை தயங்கி, போன் உறைக்குள்ளிருந்து தன் பிட்டை எடுத்தாள். மேடம் வெள்ளரியை நகர்த்தி ஒற்றைக் கண்ணால் படித்தார். கை தன்னால் பேனாவைத் தேடியது. “இது என்ன எழுத்து? மூணு வரிசை தள்ளி நிக்கறவங்களுக்கே தெரியும். அதுவும் ரெண்டாவது சமன்பாடு தப்பு. காப்பியடிச்சும் சைபர் வாங்கற ஒரே ஆளு நீதான்.”

நெட்டை மறுபடி தள்ளுவண்டியைப் பிடித்துக்கொண்டாள். இந்தமுறை மூவருமே சிரித்தார்கள். களிம்பு இரண்டாம்முறை உடைந்தது. சித்தி வந்து இடுப்பில் கைவைத்து நின்றாள்.

அன்றிலிருந்து தினமும் மாலை, வகுப்பு முடிந்ததும் மூவரும் மையத்தின் மொட்டைமாடிப் படியில் உட்கார்ந்தார்கள். மேடம் வேதியியல் சொன்னார். நெட்டை சட்டம் சொன்னாள். விழுங்கிய பிட்டு உட்பட மேடத்தின் குறிப்புகளெல்லாம் அவளுக்கு ஒருதடவை படித்ததுமே மனப்பாடம் ஆகியிருந்தன. காரணம், அவள் எதையும் வீட்டு வம்புக் கதையாக மாற்றிவிடுவாள். “மிரட்டி வாங்கின கையெழுத்து செல்லாது மேடம். எங்க மாமா சொத்து கேட்டு மிரட்டினாரு பாருங்க, அது. சின்னப் பிள்ளை போட்ட கையெழுத்தும் செல்லாது, அது என் தம்பி, சைக்கிளை எனக்கு எழுதிக் குடுத்தான்.” மேடம் அடுத்த நாளே மாமாவையும் தம்பியையும் வரிசை மாறாமல் சொன்னார். ஐந்தாம் நாள், பிட்டையெல்லாம் கிழித்துவிடுவது என்று மூவரும் கைமேல் கைவைத்து முடிவு செய்தார்கள்.

ஞாயிற்றுக்கிழமை, இரண்டு தேர்வும் ஒரே வளாகத்தில், வேறு வேறு கட்டடத்தில். வாசலில் நீண்ட வரிசை. காவலாளி அம்மா ஒவ்வொரு பெண்ணாகச் சோதித்து அனுப்பினாள். மேடத்தைக் கண்டதும், “அம்மாவெல்லாம் வெளிய நில்லுங்க” என்றாள்.

“நான் எழுத வந்தவ” என்றார் மேடம். காது சிவந்திருந்தது.

சுருட்டை அவர் கையைப் பிடித்து வரிசைக்கு வெளியே இழுத்தாள். “மேடம், கையில கண்ணாடிக்கூடு எதுக்கு? நீங்கதான் கண்ணாடியைப் போட்டிருக்கீங்களே.”

மேடம் தரையைப் பார்த்தார். “கிழிக்க மனசு வரல. சும்மா தைரியத்துக்கு. உன் கொண்டை ஏன் இவ்வளவு பெருசா இருக்கு?”

சுருட்டை கொண்டையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். இருவரும் நெட்டையைப் பார்த்தார்கள். நெட்டை ஏற்கெனவே சிரிக்க ஆரம்பித்திருந்தாள்; ஷூவைக் கழற்றினாள்.

வாசலுக்கு வெளியே ஒரு பொதுக் கழிவறை இருந்தது. மூவரும் ஒரே அறைக்குள் நெருக்கியடித்துக்கொண்டு எல்லாவற்றையும் கிழித்துப் போட்டு, தண்ணீரைத் திறந்தார்கள். பிட்டுகள் ஒரு சுற்றுச் சுற்றி, அப்படியே மேலே வந்தன.

“போகலைடி!”

“மறுபடி ஊத்து!”

வாளி வாளியாக ஊற்றினார்கள். சமன்பாடுகளும் சட்டங்களும் மல்லாந்து மிதந்தன. வெளியே யாரோ ஒருத்தி கதவைத் தட்டினாள். “உள்ள எத்தனை பேரு?”

“ஒருத்திதான்!” என்று மூன்று குரல் சேர்ந்து சொன்னது.

ஆசிட் மேடம் புடவைத் தலைப்பை இடுப்பில் செருகி, கடைசி வாளியைத் தலைக்குமேல் தூக்கி ஒரே வீச்சில் கொட்டினார். குழாய் ஒருமுறை விக்கி, எல்லாவற்றையும் விழுங்கியது. முதல் மணி அடித்தது. முழங்கால்வரை நனைந்து மூவரும் ஓடினார்கள், மேடம் முன்னால்.

தேர்வறையில் சுருட்டைக்கு மூன்று கேள்விகள் முகத்தில் அறைந்தன: கொண்டைக்குள் இருந்த அதே பகுதி. இருந்திருந்தால் என்று மனம் ஒரு நிமிஷம் அடித்துக்கொண்டது, பொய் சொல்வானேன். இரண்டை யோசித்து எழுதினாள். மூன்றாவதை விட்டுவிட்டாள். ஈரப் பாவாடை காலில் ஒட்டிக் குளிர்ந்தது. அதனாலோ என்னவோ, கடைசிவரை தூக்கம் வராமல் எழுதியது அந்தத் தேர்வில்தான்.

முடிவுகள் வந்தன. நெட்டை தப்பிப் பிழைத்த மாதிரி கடைசிப் பட்டியலில் நுழைந்தாள். சுருட்டைக்கு இடம் கிடைக்க ஒன்பது மதிப்பெண் குறைந்தது. அப்பா அட்டவணையின் முன்னால் வெகுநேரம் நின்றார். “அடுத்த வருஷம் மறுபடி எழுதறேன்ப்பா. ஆனா இதைக் கழட்டிடுங்க, தண்ணி குடிக்கவே பயமா இருக்கு” என்றாள். அவர் திரும்பிப் பார்த்தார். பிறகு ஒரு மூலையிலிருந்து உரிக்கத் தொடங்கினார். இன்னொரு மூலையை அவள் பிடித்துக்கொண்டாள். பெரியப்பா வேறு டாக்டரைப் பார்த்துக்கொண்டார்.

மேடத்துக்கு இடம் கிடைத்தது. வீட்டுக்காரர் இரண்டு நாள் பேசவில்லையாம். மூன்றாம் நாள் தடித்தடியாகச் சட்டப் புத்தகம் வாங்கிவந்து மேசைமேல் வைத்துவிட்டு, இன்னும் பேசவில்லையாம்.

கல்லூரி திறக்கும் நாள் சாயங்காலம் சுருட்டையின் போன் அடித்தது. ஆசிட் மேடம். குரல் ரகசியமாக இருந்தது.

“ஏய், வாசல்ல நிக்கறேன். எல்லாம் என் ஸ்டூடன்ட் வயசுப் பிள்ளைங்க. சீனியர்ஸ் ராகிங் பண்ணுவாங்களாடி?”

“பண்ணினா முறைச்சுப் பாருங்க மேடம்.”

“சரி” என்றார் மேடம். காலடிச் சத்தம் கேட்டது. கொஞ்ச தூரத்தில் பேசிக்கொண்டிருந்த பையன்கள் யாரோ சட்டென்று பேச்சை நிறுத்தியதும், “குட் ஈவ்னிங் மேடம்” என்று கோரஸாகச் சொன்னதும் போனில் தெளிவாகக் கேட்டது.