கறை படியும் செம்மறி

கோயிலில் புது மின்விசிறிகள் மாட்டிய வாரம், சாமியாரிடம் பாவசங்கீர்த்தனம் செய்தவர்கள் சொன்ன பாவமெல்லாம் பீடத்தடியில் படுத்திருந்த வெள்ளைச் செம்மறியாட்டுச் சுரூபத்தின் மேல் கறையாக விழ ஆரம்பித்தது. முதலில் மின்விசிறியைத்தான் சந்தேகப்பட்டார்கள். அதை மாட்டிய எலக்ட்ரீஷியன் கழற்றிப் பார்த்துவிட்டு, கசிவது மின்விசிறி இல்லை, கறிக்கடைக்காரர்தான் என்றார். கடைக்காரர் முழங்காலிலிருந்து எழுந்த அதே நிமிடம் ஆட்டின் முதுகில் கொழுப்பு வழிந்ததை எல்லோரும் பார்த்திருந்தார்கள்.

துடைக்கும் வேலை, கோயிலைப் பெருக்கும் பெண்ணின் தலையில் விழுந்தது. ஊரில் அவளைத் துடைப்பக்கா என்பார்கள். எலக்ட்ரீஷியனின் மனைவி அவள் தங்கை. எந்தக் கறை எதில் கரையும் என்று அவள் சீக்கிரமே கண்டுகொண்டாள். பொய் பச்சைத் தண்ணீரில் போய்விடும். கோபத்துக்கு வெந்நீரும் சோப்பும். பொறாமைக்கு மண்ணெண்ணெய். தற்பெருமை மேலோட்டமாகப் பளபளக்கும், உலர்ந்த துணியே போதும். சனிக்கிழமை மாலைகளில் முன்வரிசை பெஞ்சுக்கு அடிதடியானது. பாவத்தைச் சொல்ல வருகிறவர்கள் குறைந்து, வேடிக்கை பார்க்க வருகிறவர்கள் பெருகினார்கள். பள்ளி ஆசிரியர் மட்டும் தைரியமாக வந்துபோனார். அவருடைய கறை சாக்பீஸ் பொடி. வெள்ளையில் வெள்ளை தெரியவில்லை.

கோயிலின் பங்குக் குழு கூடி யோசித்து, ஆட்டுக்குக் கறுப்புப் பெயின்ட் அடித்தது. மறுவாரம் ஊரே நிம்மதியாக வந்து பாவங்களைச் சொன்னது. காதிலிருந்து வால்வரை ஆசிரியரின் கறை மட்டும் பளிச்சென்று தெரிந்தது. திங்கட்கிழமை அவரே வெள்ளைப் பெயின்ட் டப்பாவோடு குழுத் தலைவரின் வாசலில் நின்றார்.

ஆடு மறுபடி வெள்ளையான சமயம் தங்கைக்குக் குழந்தை பிறந்தது. ஞானஸ்நானத்துக்கு அக்காதான் ஞானத்தாய் என்றாள். ஞானத்தாய் முதலில் பாவசங்கீர்த்தனம் செய்ய வேண்டும் என்றார் பங்குச்சாமியார். ஆட்டில் கறை விழ ஆரம்பித்ததிலிருந்து துடைப்பக்கா பாவசங்கீர்த்தனத்தின் பக்கமே போனதில்லை.

"எனக்கு இடுப்பு வலி. குழந்தையெல்லாம் தூக்க முடியாது."

"குடம் குடமா தண்ணி தூக்குற. பச்சப்புள்ளையத் தூக்கினாத்தான் வலிக்குதாக்கும்" என்றாள் தங்கை.

விஷயம் இதுதான். கல்யாணத்துக்கு முன் தங்கையைப் பேக்கரிக்காரர் விரும்பினார். பேக்கரிக்காரரை அக்கா விரும்பினாள். அவள் அவருடைய அம்மாவிடம் போய் ஒரு வார்த்தை சொன்னாள், கல்யாணப் பேச்சு நின்றுபோனது. கடைசியில் அவர் இரண்டு பேரையும் விட்டுவிட்டு வேறொருத்தியைக் கட்டிக்கொண்டார். அவர் அம்மா ஏன் மறுத்தார் என்று தங்கைக்கு இன்றுவரை தெரியாது. தெரிந்தால் தனக்கு இனி தங்கை இல்லை என்று அக்காவுக்குத் தெரியும்.

வேறு சாக்கு கிடைக்காமல், சனிக்கிழமை அவள் பாவசங்கீர்த்தனக் கூண்டுக்குள் போய்ச் சொல்லிவிட்டு வந்தாள். ஆட்டின் நெஞ்சில் ரொட்டி கருகிய நிறத்தில் ஒரு கறை விழுந்தது. கோயில் முழுக்கச் சூடான ரொட்டி வாசனை. எல்லோரும் பேக்கரிக்காரரைத் திரும்பிப் பார்த்தார்கள். அவர் மனைவி சற்று அதிக நேரம் பார்த்தாள். துடைப்பக்கா தண்ணீர், சோப்பு, மண்ணெண்ணெய் எல்லாம் போட்டுத் தேய்த்தாள். கறை அசையவில்லை.

தங்கை குழந்தையைக் கணவனிடம் கொடுத்துவிட்டு வந்து பக்கத்தில் நின்றாள்.

"அவங்கம்மாகிட்ட என்ன சொன்ன?"

"நீ தூக்கத்துல கத்தியோட நடப்பேன்னு."

"வெறுமனே நடப்பேன்னு சொன்னா பத்தாதா? கத்தி வேறயா?"

துடைப்பக்கா மறுபடி மண்ணெண்ணெயைத் தொட்டுத் தேய்த்தாள்.

"ஒரு மழைக்காலம் பூரா அழுதேன்க்கா."

"தெரியும். பக்கத்துலதான படுத்திருந்தேன்."

தங்கை தன் தோளில் கிடந்த, குழந்தையின் எச்சில் துடைக்கும் துணியை எடுத்து, "தள்ளு" என்றாள். ஆட்டை அறைவதுபோல் தேய்த்தாள். கறை துணியோடு வந்துவிட்டது. "நாளைக்கு ஞானஸ்நானத்துக்கு நேரத்தோட வா" என்று சொல்லிவிட்டுக் குழந்தையை வாங்கிக்கொண்டாள்.

அதன்பிறகு, எதற்கும் போகாத கறை விழுந்தால், பாவம் செய்தவரே போய், யாருக்குச் செய்தாரோ அவரைக் கூட்டிவருகிறார். சிலர் உடனே வருவார்கள், சிலருக்கு வருஷமாகும், துடைக்கும் துணி அவர்களுடையதாக இருக்க வேண்டும். சனிக்கிழமைகளில் ஆடு காய நேரமாகிறது என்பதால், ஞாயிறு முதல் பூசைக்கு வருகிறவர்கள் அதன்மேல் குழந்தைகளை உட்காரவைக்க வேண்டாம் என்று வாசலில் எழுதிப் போட்டிருக்கிறார்கள்.