ஹாலுக்குள் பார்க்கிங் டைல்ஸ்

1

தமிழ்நாட்டில் ஒரு டைல்ஸ் கடைக்குள் போய், நாற்பத்தோரு தரைகளைக் காலால் சோதித்து, நாற்பதைத் தள்ளிவிட்டு, ஒன்றே ஒன்றுக்குச் சம்மதம் சொன்ன நாய் எங்கள் வீட்டு நாய் மட்டும்தான். கடையில் இருந்தவர்கள் எழுந்து நின்று கைதட்டினார்கள். முதலாளி டீ சொன்னார். எனக்கில்லை, நாய்க்கு.

நம்பமாட்டீர்கள். பரவாயில்லை, இந்தக் கதை எழுதப்படுவதே நம்பாத ஒரு ஆளுக்காகத்தான். என் மனைவியின் தம்பி தீனதயாளன், ரிட்டயர்டு சர்வேயர். மழை பெய்கிறது என்று சொன்னாலும் கையை வெளியே நீட்டிப் பார்த்துவிட்டுத்தான் ஒப்புக்கொள்வான். டைல்ஸ் கடை விஷயத்தைச் சொன்னபோது, "உடாதீங்க மச்சான்" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டான். "எழுதித் தர்றேன் மாப்ள, படிச்சுட்டுச் சொல்லு" என்றேன். எழுதுகிற பக்கத்தையெல்லாம் பென்சிலோடு உட்கார்ந்து படிக்கிறான். மேலே முதல் பத்தியின் ஓரத்தில் இப்போதே ஐந்து 'பொ' போட்டிருக்கிறான். 'பொ' என்றால் பொய்.

2

முதல் வரைவு இப்படி ஆரம்பித்தது: 'அந்தி மயங்கும் நேரம். மெரூன் நிறக் கார்ப்பெட்டின் மேல் ஒரு கிழட்டு நாய், தன் கடந்த காலத்தை...' அதற்கு மேல் போகவில்லை. நாய்க்கு என்ன கடந்த காலம்? தின்றது, தூங்கியது, சிலிண்டர் போடுகிறவரைத் துரத்தியது. அடித்துவிட்டேன்.

இரண்டாவது வரைவு: 'திருச்செங்கோட்டில் சென்னிமலை என்றொரு கட்டழகர் வாழ்ந்துவந்தார்.' சென்னிமலை நான்தான். என் மனைவி கமலவேணி பின்னால் நின்று எட்டிப் பார்த்துவிட்டு, "ஏனுங்க, நாயப் பத்தின கதைன்னீங்க, இது யாருங்க புதுசா?" என்றாள். அதையும் அடித்துவிட்டேன்.

நேராகவே சொல்லிவிடுகிறேன். நாற்பது வருஷம் டயர் ரீட்ரேடிங் பட்டறை வைத்திருந்தேன். லாரியும் போர் போடும் ரிக் வண்டியும் மொட்டையாகத் தேய்த்துக் கொண்டுவரும் டயருக்குப் புது ரப்பர் ஒட்டி, வேகவைத்து, மறுபடி ரோட்டுக்கு அனுப்புகிற வேலை. என் டயர் போட்ட லாரி ஒன்று காஷ்மீர் போய்விட்டுத் தானாகவே திரும்பி வந்தது. (பொ.)

வீட்டில் இரண்டு நாட்டு நாய்கள். பெரியவன் பிஸ்டன், வயது பன்னிரண்டு. சின்னவன் கிளச்சு, வயது இரண்டு.

பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால், ஒரு லாட்ஜில் மீட்டிங் ஹாலைப் பிரித்தபோது அங்கிருந்த கார்ப்பெட்டை எடைக்கு வாங்கிவந்தேன். எங்கள் ஹால் முழுக்கச் சுவரோடு சுவராக விரித்தேன். நகரக் கூடாதே என்று, பட்டறையில் டயருக்குப் பூசும் சொலூஷனை எடுத்துவந்து தரையெல்லாம் பூசி ஒட்டினேன். ரீட்ரேடிங்காரனைத் தவிர வேறு யாருக்கும் இந்தப் புத்தி வராது. அந்தப் பசை, நாற்பது டன் லோடோடு வெயிலில் ஓடினாலும் பிரியாத பசை.*

* இதற்கு மட்டும் தீனதயாளன் 'பொ' போடவில்லை. பிரித்தபோது கூட இருந்தான்.

3

கமலவேணியை இந்தக் கதையின் வில்லியாக்கலாமா என்று ஒரு காலை முழுக்க யோசித்தேன். கதைக்கு வில்லி இருந்தால் ஓட்டமாக இருக்கும். ஆனால் அவள் செய்த ஒரே குற்றம், மூச்சு விட முயன்றது.

போன வருஷம் அவளுக்கு இளைப்பு வந்தது. டாக்டர், "தரையில துணி எதுவும் இருக்கக் கூடாதுங்கம்மா, நாய் முடி பூரா அதுலதான் தங்குது" என்றார். கார்ப்பெட்டை உரித்தோம். உரித்தோம் என்றால், நாலு ஆள், இரண்டு கடப்பாறை, மூன்று நாள். கார்ப்பெட்டோடு ஒட்டிக்கொண்டு சிமெண்டுத் தரையும் பாளம் பாளமாக வந்தது. அடியில் இருந்த நாய் முடியைத் திரட்டினால் இன்னும் மூன்று நாய் செய்திருக்கலாம்.

"பதனோரு வருசமா ஒரு மந்தையவே மூச்சுல இழுத்துருக்கறன்" என்றாள் கமலவேணி.

ஹால் கால் வைக்க முடியாதபடி குண்டும் குழியுமாகிவிட்டது. மற்ற அறைகளில் பளபளப்பான டைல்ஸ். பிரச்சினை அங்கேதான். பிஸ்டனுக்குப் பின்னங்கால் இரண்டும் தளர்ந்துவிட்டன. வழவழத் தரையில் எழுந்திருக்கப் போனால் கால் இரண்டும் இரண்டு பக்கம் பிரிந்து, வயிறு தரையில் அடிக்கும். மூன்று தடவை முயலும். அப்புறம் படுத்த இடத்திலேயே மூத்திரம் போய்விட்டு, எங்களைப் பார்க்காமல் சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொள்ளும்.

(இந்தப் பத்தியில் நான் எதையும் கூட்டவில்லை.)

மாட்டுக்கு அடியில் விரிக்கும் ரப்பர் மேட்டு எட்டு வாங்கிவந்து ஹாலில் போட்டுப் பார்த்தேன். ரப்பர் எனக்குச் சொந்தக்காரன் மாதிரி, கைவிடமாட்டான் என்று நினைத்தேன். ஒரு மூலையைக் கிளச்சு தின்றுவிட்டான். சித்திரை வெயிலில் எழுந்த ரப்பர் வாடையில் கமலவேணிக்கு இளைப்பு இன்னும் கூடியது. "நான் குடித்தனம் பண்றது ஊட்லயா, கட்டுத்தறியிலயா?" என்று கேட்டாள். மேட்டுகளைச் சுருட்டினேன்.

அப்போதுதான் தீனதயாளன் சொன்னான்: "ஜேடர்பாளையத்துல என்ர சிநேகிதர் தங்கசாமிக்குத் தோப்பு இருக்குதுங்க மச்சான். மண்ணு தரை, வழுக்காது. பிஸ்டன அங்க உட்றலாம். அக்கா ஒடம்பையும் பாக்கோணுமல்லங்க."

தோப்பில் காவலுக்கு நாலு நாய் ஏற்கெனவே இருக்கின்றன. இடுப்பு ஓடாத கிழவன் அங்கே எத்தனை நாள் தாங்குவான் என்பது எனக்குத் தெரியும், தீனதயாளனுக்கும் தெரியும்.  கமலவேணி எழுந்து சமையல்கட்டுக்குப் போய், ஒன்றுமே சமைக்காமல் நின்றாள்.

4

ஒப்பந்தம் இதுதான். சனிக்கிழமை பிஸ்டனைக் காரில் ஏற்றிக்கொண்டு பரமத்தி ரோட்டில் இருக்கும் டைல்ஸ் கடைக்குப் போவது. பிஸ்டன் எழுந்து நிற்கக்கூடிய தரை, எங்கள் கைக்கு எட்டும் விலையில் கிடைத்தால் வீடு. இல்லாவிட்டால் அங்கிருந்து அப்படியே ஜேடர்பாளையம். எனக்குக் கண் புரை, அதனால் தீனதயாளன்தான் ஓட்டினான். பின் சீட்டில் ஒரு புதுச் சங்கிலி இருந்தது. பிஸ்டனைத் தோப்பில் கட்டிப்போட அவன் வாங்கியது. கடை வந்ததும், "நீங்க போய்ப் பாருங்க, நான் பேப்பர் படிக்கறன்" என்று காரிலேயே இருந்துவிட்டான்.

கடையில் அன்பழகன் என்ற பையன், பையன் என்றால் நாற்பது வயது இருக்கும், முதலில் கண்ணாடி மாதிரி மின்னும் ஒன்றைக் காட்டினான். "மூஞ்சி தெரியும் பாருங்க சார்." எங்கள் பக்கம் ஹால் தரை என்றால் வந்தவர்கள் குனிந்து தலைசீவ முடிய வேண்டும், அதுதான் கௌரவம். நான் பாட்டில் தண்ணீரைத் தரையில் ஊற்றி, சட்டைப் பையிலிருந்து ஒரு துண்டு டயர் ரப்பரை எடுத்துத் தேய்த்துப் பார்த்தேன்.

"சார், இது ரோடு இல்லைங்க."

"நிக்கறதுக்குப் பிடிமானம் வேணுமல்ல தம்பி. கால் என்ன, டயர் என்ன."

கிரானைட் காட்டினான், அதைவிட வழுக்கல். மரம் மாதிரி ஒன்று காட்டினான், பார்க்க லட்சணம், ஆனால் இடுக்கில் ஈரம் இறங்கினால் உப்பிவிடும் என்று அவனே ஒப்புக்கொண்டான். சுருட்டி விரிக்கும் வினைல் ஷீட்டு மலிவுதான். கிளச்சின் நகத்தை நினைத்தேன், கையெடுத்துக் கும்பிட்டுவிட்டேன்.

மூலையில் சாம்பல் நிறத்தில் ஒன்று கேட்பாரற்றுக் கிடந்தது. தடவினால் பூனை நாக்கு மாதிரி மெல்லிய சொரசொரப்பு.

"அது பார்க்கிங் டைல்ஸுங்க சார், கார் நிறுத்தற எடத்துக்கு. வெல பாதிதான், வண்டி ஏறுனாலும் ஒடையாது, தண்ணி உறிஞ்சாது. ஆனா ஹால்ல போட்டீங்கன்னா ஊரு சிரிச்சுருமுங்க."

"மொதல்ல நாய் சிரிக்குதான்னு பாக்கலாம்" என்றேன்.

பிஸ்டனை அன்பழகனும் நானும் தூக்கிவந்தோம். மின்னுகிற டைல்ஸில் உட்காரவைத்தோம். எழ முயன்றது. ஒரு தடவை வழுக்கியது. தூக்கிப் போய்ச் சாம்பல் டைல்ஸில் வைத்தோம். நான் நாலடி தள்ளி நின்று, "வா சாமி" என்றேன்.

வெகு நேரம் தரையை மோந்து பார்த்தது. அப்புறம் முன்னங்காலை ஊன்றி, பின்பக்கத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தூக்கி, நின்றது. நின்றது மட்டுமில்லை, நாலடி நடந்து வந்து என் கையை நக்கியது.

5

இந்த இடத்தில் கதை முடிவு கேட்கிறது. என்னிடம் மூன்று இருக்கின்றன.

(அ) பிஸ்டன் அங்கிருந்து ஓட்டமெடுத்து, கடையை மூன்று சுற்றுச் சுற்றி, கல்லாவைத் தாண்டிக் குதிக்கிறது. சேலத்திலிருந்து ஆத்தூர் வரைக்கும் எல்லா ஹாலிலும் பார்க்கிங் டைல்ஸ். எனக்குப் பொன்னாடை.

(ஆ) டைல்ஸ் போட்டதும் ஊர் சிரிக்கிறது. கமலவேணி வாசலில் நின்று, "ஆமாங்க, கார் ஷெட்டுதான். எங்க ஊட்டுப் பழைய வண்டி ஒண்ணு உள்ளதான் நிக்குது" என்று என்னைக் காட்டுகிறாள். (இது அப்படியே நடந்தது. அதனாலேயே முடிவாக வைக்க மனசில்லை.)

(இ) இப்போது, நான் இதை எழுதும்போது, பிஸ்டன் ஹாலில் படுத்திருக்கிறது. தானே எழுந்து தண்ணீர் குடித்துவிட்டு வந்து படுத்தது. சொரசொரப்பில் முடி தங்காமலிருக்கப் பிரஷ் போட்டுத் தேய்க்க வேண்டியிருக்கிறது. அது என் வேலை. கமலவேணிக்கு இளைப்பு குறைந்திருக்கிறது. அவ்வளவுதான்.

எது வேண்டுமோ வாசகர் எடுத்துக்கொள்ளலாம். எனக்கு இப்போதைக்கு இருக்கும் வாசகர் ஒருவர்தான், எதிர் நாற்காலியில் பென்சிலோடு.

6

தீனதயாளன் நான்காம் பகுதியை இரண்டு தடவை படித்தான். 'ஒரு தடவை வழுக்கியது' என்ற இடத்தில் 'ஒரு' என்பதை அடித்துவிட்டு 'இரண்டு' என்று எழுதினான்.

"மாப்ள, நீ பேப்பரல்ல படிச்சுட்டிருந்த?"

 காகிதத்தைத் திருப்பினான், மறுபடி திருப்பினான்.

"கடைக்குக் கண்ணாடிச் செவுருதானுங்களே."

"அப்ப இத்தன நாளா எதுக்கு இல்லைன்ன?"

"சங்கிலி வாங்குனவன் எந்த மூஞ்சிய வெச்சுட்டு மச்சான் சொல்றது? தங்கசாமிக்குப் போன் பண்ணி, வந்துட்டே இருக்கறோம்னு வேற சொல்லிப்போட்டேன்."

கமலவேணி இரண்டு டம்ளரில் காபி கொண்டுவந்து வைத்துவிட்டுத் தம்பியின் முதுகில் ஒரு தட்டுத் தட்டினாள். நான் என் பேனாவை அவன் பக்கம் நகர்த்தினேன். "முடிவ நீயே எழுது." பென்சிலை வைத்துவிட்டுப் பேனாவை எடுத்தான். கீழே இருப்பது அவன் கையெழுத்து. நான் ஒரு எழுத்தும் திருத்தவில்லை.

'கைதட்டல் பொய். டீ பொய். தரை மாதிரிகள் நாற்பத்தொன்று அல்ல, ஐந்து. நாய் தானாக எழுந்து நின்று நடந்தது நிஜம். காருக்குள்ளிருந்து பார்த்தேன். ஜேடர்பாளையம் போக வேண்டியிருக்கும் என்று அதுவரைக்கும் இன்ஜினை ஓடவிட்டிருந்தேன். நாய் எழுந்து நின்றதும் ஆஃப் செய்தேன்.'