குறிப்பு இல்லாத ஜெபம்

1

சைரன் அலறியது. தீயணைப்பு வண்டிதான் தெருவுக்குள் நுழைந்துவிட்டது என்று நினைத்து பால்கனிக்கு ஓடினேன். தெருவில் ஒரு தண்ணீர் லாரியும், அதற்குப் பின்னால் ஹாரன் அடித்துக்கொண்டிருந்த ஷேர் ஆட்டோவும் தவிர வேறொன்றும் இல்லை. சத்தம் கீழ் வீட்டிலிருந்து வந்தது. சைரனுக்கு நடுவே ஒரு பெண் குரல், துளியும் பதற்றமில்லாத ஆங்கிலத்தில், உங்கள் கணினி பூட்டப்பட்டுவிட்டது, உடனே இந்த எண்ணை அழையுங்கள் என்று திரும்பத் திரும்பச் சொன்னது.

இந்தக் கதை பிறந்தது அங்கேதான். உங்களிடம் மறைக்க ஒன்றுமில்லை. அந்த வாரம் நான் கதை எழுதுவதாகவே இல்லை. வார இதழ் ஆசிரியர் கேட்டது ஒரு கட்டுரை. வீட்டுக் கணினியை வேண்டாத மென்பொருள்களிடமிருந்து காப்பது எப்படி? இரண்டு பக்கம், ஒரு பெட்டிச் செய்தி, வாசகரைப் பயமுறுத்தக் கூடாது. தொடர்கதை எழுதுகிறவளுக்கு நடுநடுவே இப்படியும் வேலை வரும். அதற்காகச் சில நாட்களாகப் படித்துக்கொண்டிருந்தேன்.

அதனால், கீழ் வீட்டு பியூலா அக்கா மூச்சிரைக்கப் படியேறி வந்து, "தமிழினி, கொஞ்சம் கீழ வாயேன், கம்ப்யூட்டர் கத்துது. பிளக்கைப் புடுங்கிடலாமான்னு கேக்கறா ஜெனி" என்றபோது எனக்கு உள்ளூர ஒரு சந்தோஷம்கூட வந்தது. உதாரணம் வீடு தேடி வந்திருக்கிறது.

(முந்தைய வரியை எடுத்துவிடலாமா என்று யோசித்தேன். இருக்கட்டும். அடுத்தவர் வீட்டில் சைரன் அடிக்கும்போது எழுதுகிறவளுக்கு என்ன தோன்றும் என்பதும் உங்களுக்குத் தெரிய வேண்டும்.)

2

சைரனை நிறுத்துவது சுலபம். அது வைரஸ்கூட இல்லை. திரை முழுக்க விரிந்துகொண்டு பயம் காட்டும் ஒரு இணையப் பக்கம், அவ்வளவுதான். ஜெனி ஏதோ ஆய்வுத்தாளை இறக்கப் போய்த் தவறான பொத்தானைத் தட்டியிருக்கிறாள். அந்த எண்ணுக்கு போன் செய்திருந்தால்தான் ஆபத்து. உதவுகிறேன் என்று பேசுகிறவன் கணினிக்குள்ளேயே வந்து உட்கார்ந்துகொள்வான். பிரவுசரை வலுக்கட்டாயமாக மூடினோம். வீடு அமைதியானது.

ஜெனியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். பியூலா அக்காவுக்கும் அசரியா சாருக்கும் ஒரே பெண். காட்டாங்குளத்தூர் பக்கம் ஒரு கல்லூரியின் வேதியியல் ஆய்வகத்தில் வேலை. கல்லூரி கொடுத்த லேப்டாப்பில் சொந்த மெயிலைத் திறக்கவே மாட்டாள், யாராவது பார்ப்பார்கள் என்று. சொந்த விஷயம் எல்லாம் ஹாலில் இருக்கும் இந்த வீட்டுக் கணினியில்தான். வீடு பத்திரம் என்பது அவள் கணக்கு.

வந்ததுதான் வந்தோம், என்னென்ன மென்பொருள் இருக்கிறது என்று ஒருமுறை பார்த்துவிடலாம் என்றேன். கட்டுரைக்காகப் படித்த புத்தி. பட்டியலில் ஒன்று, கணினியின் சொந்த உறுப்பு மாதிரிப் பெயர் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. யாருக்கும் அது என்னவென்று தெரியவில்லை. திறந்தால் கடவுச்சொல் கேட்டது.

ஜெனி நிமிர்ந்து மானிட்டருக்கு மேலே சுவரைப் பார்த்தாள். அங்கே வாக்குத்தத்த அட்டை ஒட்டியிருந்தது. சர்ச்சில் புத்தாண்டு ஆராதனையில் ஆளுக்கொன்றாகக் கொடுப்பார்களே, அந்த வருடத்துக்கான பைபிள் வசனம் அச்சிட்ட அட்டை. அந்த வீட்டில் எல்லாப் பூட்டுக்கும் அதுதான் சாவி: வசனத்தின் அதிகார எண்ணும் வசன எண்ணும். வைஃபைக்கும் அதுவே, கேஸ் புக்கிங்குக்கும் அதுவே. கடவுச்சொல்லைச் சட்டம் போட்டு ஹாலில் மாட்டி வைத்திருக்கும் வீடுகள் தாம்பரம் சுற்றுவட்டாரத்தில் இன்னும் எத்தனையோ.

இந்த வருட அட்டைக்குத் திறக்கவில்லை. போன வருடத்துக்கும் திறக்கவில்லை. அலமாரிக் கதவின் உட்புறம் ஒட்டியிருந்த அதற்கு முந்தைய அட்டையின் எண்ணைப் போட்டதும் திறந்துகொண்டது.

அலமாரிக்குள் இருக்கும் அட்டை வெளியாளுக்குத் தெரிய வழியே இல்லை.

அந்த மென்பொருள் சில நிமிடங்களுக்கு ஒருமுறை திரையைப் படம் பிடித்து, ஒரு மெயில் முகவரிக்கு அனுப்பிக்கொண்டிருந்தது. முகவரியைப் படித்த ஜெனி நாற்காலியைப் பின்னால் தள்ளினாள். ரயில் டிக்கெட் எடுக்க வசதியாக இருக்கட்டும் என்று அப்பாவுக்கு அவளே உண்டாக்கிக் கொடுத்த முகவரி அது.

3

இங்கே கதை தொடங்கியிருக்க வேண்டும் என்று இப்போது படுகிறது. சைரனில் அல்ல, ஜெபத்தில்.

சாயங்காலம் ஏழு மணிக்குக் கீழ் வீட்டில் குடும்ப ஜெபம். ஜன்னல் வழியாக எனக்கும் கேட்கும். அசரியா சார் ஜெபிப்பது தனி அழகு. பேசும்போது எல்லோரையும் போலப் பேசுகிறவருக்கு, ஜெபத்தில் ஒரு வார்த்தைகூடப் பேச்சுத் தமிழ் வராது. ஊரே அவரிடம் ஜெபிக்கச் சொல்லி வரும். வருகிறவரிடம் அவர் முதலில் கேட்பது, "என்ன குறிப்பு?" கல்யாணமா, வியாதியா, வேலையா, அதைச் சொல்ல வேண்டும். குறிப்பு இல்லாத ஜெபம் விலாசம் எழுதாத தபால் என்பார்.

சொந்த மகளிடம் மட்டும் அவர் கேட்டதில்லை. கேட்காமலேயே அவருக்குத் தெரிந்திருந்தது. ஆய்வகத்தில் ஒருவர் அவளைப் பாடாய்ப்படுத்தியது யாருக்கும் தெரியாது. அதை அவள் ஒரு மெயிலில் மட்டும் எழுதிய அன்று சாயங்காலம், "அவளை நெருக்குகிறவர்களின் இருதயத்தை மாற்றும்" என்று ஜெபித்தார். கர்த்தர் அப்பாவுக்கு வெளிப்படுத்துகிறார் என்று ஜெனி நம்பினாள். சின்ன வயதிலிருந்தே அப்படி நம்பத்தான் அவள் பழகியிருந்தாள்.

போன மாதம் புனேயிலிருந்து ஒரு ஆராய்ச்சி வேலைக்கான அழைப்பு வந்தது. அவள் வருடக்கணக்கில் ஆசைப்பட்ட வேலை. ஒருவரிடமும் சொல்லவில்லை. மறுநாள் ஜெபத்தில் அவர் சொன்னார்: "தூரத்திலிருந்து வருகிற அழைப்பு உமது சித்தம் அல்லவென்றால், ஆண்டவரே, அந்தக் கதவை அடைத்துப்போடும்."

ஜெனி கதவை அடைத்தாள். வேலை வேண்டாம் என்று மெயில் எழுதி வைத்தாள். அனுப்ப மட்டும் மனசு வரவில்லை. சைரன் அடித்த அன்றும் அந்த மெயில் டிராஃப்டில்தான் இருந்தது. வெள்ளிக்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும்.

இதையெல்லாம் அவள் அந்தத் திரையைப் பார்த்துக்கொண்டேதான் சொன்னாள். குரலில் அழுகை இல்லை.

"ஆண்டவர் வேணாம்னு சொல்றார்னு நெனச்சேன்க்கா. அப்பா இன்பாக்ஸ்ல படிச்சுட்டு சொல்லியிருக்கார்."

பியூலா அக்கா அதுவரை சோபா ஓரத்தில் நின்றிருந்தார். இப்போது மெதுவாகக் கேட்டார், "இதுல நான் அமலராணிக்கு எழுதறதும் போகுமா?" அமலராணி, நாகர்கோவிலில் இருக்கும் அவர் தங்கை. போகும் என்றேன். சில வாரங்களுக்கு முன் ஒரு ஜெபத்தில், என் மனைவியின் தனிமையைக் கண்ணோக்கும் என்று சார் கேட்டிருக்கிறார். இத்தனை வருடம் கழித்தாவது மனுஷனுக்கு என்னைப் புரிந்ததே என்று அக்கா அன்று தலையணை நனைய அழுதாராம், நிம்மதியில்.

[இங்கே ஒரு பத்தி இருந்தது. பியூலா அக்கா தங்கைக்கு என்ன எழுதினார் என்பது. எடுத்துவிட்டேன். அவர் எடுக்கச் சொல்லவில்லை. எழுதி முடித்ததும் எனக்கே அந்த மென்பொருளின் ஞாபகம் வந்தது.]

4

அசரியா சாரை எப்படி எழுதுவது?

முதல் வரைவு: "ராஜகீழ்ப்பாக்கம் சந்திப்பிலிருந்து உள்ளே திரும்பும் தெருவில், மகளின் ஒவ்வொரு மூச்சையும் வேவு பார்த்த ஒரு கொடியவர்—" அத்தோடு நிறுத்திவிட்டேன். எனக்கு டெங்கு வந்தபோது ஆஸ்பத்திரிக்கு மூன்று வேளையும் கஞ்சி கொண்டுவந்தவர் அந்தக் கொடியவர்தான்.

இரண்டாம் வரைவில் அவரைத் தபால் துறையில் ஓய்வுபெற்றவராக ஆக்கினேன். வாழ்நாளில் அடுத்தவர் கடிதம் ஒன்றைக்கூடப் பிரிக்காத மனிதர், கடைசியில் மகளின் மெயிலைப் படிக்கிறார். எழுதும்போது கை பரபரவென்று ஓடியது. எனக்குப் பிடித்த இடங்களில்தான் நான் பொய் சொல்கிறேன் என்று அனுபவம் இருப்பதால் அடித்துவிட்டேன். உண்மையில் அவர் மின்வாரியத்தில் இருந்தார்.

அவர் ஏன் செய்தார்? என் ஊகம் இது. கணினி ஒருமுறை பழுதானபோது கேம்ப் ரோடு பக்கம் ஒரு கடையில் கொடுத்திருக்கிறார். கடைக்காரர், பொம்பளைப் பிள்ளை இருக்கிற வீடு, காலம் கெட்டுக்கிடக்கிறது, குடும்பப் பாதுகாப்புக்கு ஒன்று போட்டுத் தரட்டுமா சார் என்று கேட்டிருப்பார். பாதுகாப்பு என்ற சொல்லுக்கு எந்த அப்பா வேண்டாம் என்பார்? போட்டாயிற்று. முதல் நாள் பயத்தோடு திறந்து பார்த்திருப்பார். பயப்பட ஒன்றும் இல்லை. ஆனால் மகள் இருந்தாள். சாப்பாட்டு மேஜையில் ம் என்றும் சரிப்பா என்றும் மட்டும் பேசுகிற மகள், அங்கே முழுசாக இருந்தாள். மூடிவைக்க மனசு வந்திருக்காது.

(இது நியாயம் இல்லை, ஊகம். நியாயம் சொல்வது போல உங்களுக்குத் தொனித்தால் அது என் எழுத்தின் கோளாறு.)

5

பெட்டிச் செய்தி, முடிக்காதது:

திடீரென்று சைரன் ஒலித்தால் திரையில் வரும் எண்ணை அழைக்காதீர்கள். பிரவுசரை மூடுங்கள். மாதம் ஒருமுறை மென்பொருள் பட்டியலைப் பாருங்கள். யாரும் நிறுவாத ஒன்று இருந்தால் சந்தேகப்படுங்கள். கடவுச்சொற்களை வேறொரு கருவியிலிருந்து மாற்றுங்கள். ஒரே கணினியைப் பலர் பயன்படுத்தினால் ஆளுக்கொரு கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். கடவுச்சொல்லைச் சுவரில் ஒட்டாதீர்கள்.

வெளியிலிருந்து வருகிறவனுக்கு இவ்வளவு போதும். உள்ளே இருப்பவர், உங்கள் மேல் உயிரையே வைத்திருப்பவர், அவரிடமிருந்து காத்துக்கொள்ள

ஆசிரியர் இந்த வாக்கியத்தை முடித்துத் தரச் சொல்லி இரண்டு முறை போன் செய்தார்.

6

அன்று மாலை சார் வருவதற்கு முன்னால் மூன்று வழிகள் இருந்தன. மூன்றையும் எழுதிப் பார்த்தேன்.

முதலாவது: வாசலிலேயே நிறுத்திக் கேட்பது. என் தொடர்கதைகளில் இதைத்தான் செய்வேன். கையிலிருக்கும் குடை கீழே விழும், தொடரும் போட்டுவிடலாம். பியூலா அக்காவும் இதைத்தான் விரும்பினார். ஜெனி மறுத்துவிட்டாள். அவர் அழுதுவிட்டால் நான் மன்னித்துவிடுவேன், அதற்கு இன்னும் நேரம் இருக்கிறது என்றாள்.

இரண்டாவது: மென்பொருளை அப்படியே விட்டுவிட்டு, ஒரு வெற்றுப் பக்கத்தைத் திறந்து, "அப்பா, நீங்கள் இதைப் படிப்பீர்கள்" என்று தட்டச்சு செய்வது. இது என் யோசனை. கதைக்கு இதைவிட நல்ல திருப்பம் கிடைக்காது. சொன்னதும் ஜெனி என்னைப் பார்த்த பார்வை இன்னும் நினைவிருக்கிறது. "அப்பவும் அவர் எட்டிப் பாத்துத்தானேக்கா படிப்பார்?" என்றாள்.

மூன்றாவது, அவள் செய்தது: நீக்கினாள். கணினியைத் திரும்ப இயக்கி, அது போய்விட்டதா என்று பார்த்தாள். எல்லாக் கடவுச்சொல்லையும் தன் போனிலிருந்து மாற்றினாள். எந்த வசனத்தையும் வைக்கவில்லை. பிறகு ஏழு மணிக்கு வழக்கம்போல் ஜெபத்தில் போய் உட்கார்ந்தாள். ஒன்றும் கேட்கவில்லை. அம்மாவையும் கேட்கவிடவில்லை.

7

முதல் ஓரிரண்டு நாள் பழைய விஷயங்களை வைத்தே சாரின் ஜெபம் ஓடியது. தூரத்து அழைப்பு மறுபடி வந்தது, கதவு மறுபடி வந்தது. பிறகு மெலிந்தது. மகளின் சுகத்துக்காக, பெலனுக்காக, போகும்போதும் வரும்போதும் காவலுக்காக. யாருடைய மகளுக்கும் பொருந்தும் ஜெபம். மேலே ஜன்னலருகே உட்கார்ந்து எழுதிக்கொண்டிருந்த எனக்கே அது புரிந்தது என்றால், எதிரே உட்கார்ந்திருந்தவளுக்கு எப்படி இருந்திருக்கும்?

வெள்ளிக்கிழமைக்கு முந்தைய சாயங்காலத்தைத்தான் இந்தக் கதையின் கடைசியாக வைத்திருக்கிறேன்.

அதற்குப் பிறகு ஜெனி எந்த பதிலை அனுப்பினாள் என்பது எனக்குத் தெரியும். எழுதுங்கள், ஆனால் அதை மட்டும் எழுதாதீர்கள் என்று கேட்டுக்கொண்டாள். அவளுடைய டிராஃப்டை இதுவரை படித்தவர்கள் போதும். புனேயா, ராஜகீழ்ப்பாக்கமா, நீங்களே ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள். எதை வைத்துக்கொண்டாலும் என்னிடம் கேட்டுச் சரிபார்க்க வேண்டாம்.

அன்று கேட்டதை எழுதலாமா என்று அசரியா சாரிடம் நேராகவே கேட்டேன். வெகுநேரம் குடையின் கைப்பிடியைத் தடவிக்கொண்டிருந்துவிட்டு, எழுதிக்கோம்மா என்றார்.

பாட்டு முடிந்தது. ஸ்தோத்திரம் சொன்னார்கள். சபைக்காக ஜெபித்தார், வியாதிப்பட்டவர்களுக்காக ஜெபித்தார், மனைவியின் பெயரைச் சொல்லி ஜெபித்தார். மகளின் பெயரைச் சொன்னார். அதன் பிறகு சத்தம் இல்லை. கரண்ட் போய்விட்டதோ என்று நான் விளக்கைப் பார்த்தேன்; எரிந்துகொண்டுதான் இருந்தது. கீழே மின்விசிறி சுற்றும் ஒலிகூடக் கேட்டது. ஆமென் சொல்லிவிட்டு எழுந்துவிடுவார் என்று நினைத்தேன். எழவில்லை. நான் அவரிடம் ஒருபோதும் கேட்டிராத ஒரு ஜெபம் வந்தது, வீட்டில் பேசுகிற தமிழில்:

"ஆண்டவரே, எம்பொண்ணுக்கு என்ன வேணும்னு எனக்குத் தெரியல."