சுந்தரபாண்டியனின் முறை

"நீ அங்க போகப்பிடாதுன்னா போகப்பிடாது, அவ்வளவுதான்..."

"போவேம்மா. அண்ணன்கூடத்தான போறேன்..."

"அவன் போயி பார்சலை வாங்கிட்டு வருவான். உனக்கு அங்கன என்னட்டி சோலி?"

"மீனா என்கூடப் படிச்சவ..."

"படிச்சவ, படிச்சவ! போயி என்னத்தையாவது உளறி வச்சே, உங்க அண்ணன் வேலைக்கு உலை வச்சிருவே பாத்துக்கோ. பட்டாளத்துல பொய் சொன்னா சும்மா விடுவான்னு நினைச்சியா?"

"பொய் அவனா சொன்னான்? நாம சொன்னோம்."

"மெதுவாப் பேசு! அடுத்த வீட்ல ஆளு இருக்கு."

குருவம்மாள் கரண்டியைச் சட்டிமேல் தட்டினாள். அடுப்பில் கேசரி கிளறிக்கொண்டிருந்தாள். காலையில் மகளுக்கு ப்ளஸ் டூ ரிசல்ட் வந்திருந்தது. ஐந்நூற்று நாற்பத்தெட்டு. தென்காசியில் அந்தத் தெருவிலேயே இதுவரை யாரும் அவ்வளவு வாங்கியதில்லை. வாழ்த்த வந்தவர்களெல்லாம் வேல்விழியின் கையைக் குலுக்கிவிட்டு டி.வி.யைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். டி.வி.யில் நேற்றிலிருந்து எல்லையில் குண்டு விழுந்துகொண்டிருந்தது.

உள் அறையில் இசக்கிமணி பச்சைப் பையில் துணியை அடுக்கிக்கொண்டிருந்தான். லீவில் வந்தவர்கள் எல்லாரும் உடனே திரும்ப வேண்டும் என்று முந்தின நாளே உத்தரவு. சாயங்காலம் பொதிகை எக்ஸ்பிரஸ். விடியற்காலையில் இன்னொரு போன் வந்தது. சுந்தரபாண்டியனுக்கு அடிபட்டுவிட்டது. கூடாரத்துக்குப் பக்கத்தில் குண்டு விழுந்து, தொடையில் சில்லு ஏறி, ஆஸ்பத்திரியில் கிடக்கிறான். இசக்கிமணியும் அவனும் ஒரே பிரிவு, பக்கத்துப் பக்கத்துக் கட்டில். சுந்தரபாண்டியன் குற்றாலத்துக்காரன். மீனா அவன் தங்கை.

மார்ச் மாதம் பரீட்சை நடந்துகொண்டிருந்தபோதே வேல்விழி அண்ணனிடம் போனில் கேட்டிருந்தாள்.

"கோயில் கொடைக்கு வருவியா மாட்டியா? மூணு வருசமாச்சு."

"இந்தத் தடவை நடக்காது பிள்ள. சுந்தரபாண்டியன் முறை. எங்க செக்‌ஷன்ல ஒரு சமயத்துக்கு ஒரு ஆளைத்தான் விடுவாங்க."

கடைசிப் பரீட்சை முடிந்த அன்று பஸ் நிறுத்தத்தில் மீனா சொன்னாள்: "எங்க அண்ணன் வருதாம்லா! ரிசல்ட் அன்னைக்கு அவன் இங்கனதான் இருப்பான்." சொல்லிவிட்டு அவள் சிரித்த சிரிப்பு வேல்விழிக்குப் பொறுக்கவில்லை. வீட்டுக்கு வந்ததும் அம்மாவிடம் அந்தப் பழைய வழியைச் சொன்னாள்.

பட்டாளத்துக்குப் பிள்ளையை அனுப்பிய தெருக்களில் அந்த வழி எல்லாருக்கும் தெரியும். தந்தி காலத்தில், மகனுக்கு லீவு கிடைக்க, அந்தத் தெருவில் ஒரு பெரியவர் இரண்டு மூன்று தடவை தந்தியில் செத்திருக்கிறார். இன்றைக்கும் காப்பிக் கடையில் உட்கார்ந்து பேப்பர் படிக்கிறார். இப்போது தந்திக்குப் பதில் போன். வேல்விழி அண்ணனின் மேலதிகாரியான சுபேதாருக்கே போன் போட்டு இங்கிலீஷில் அழுதாள். அம்மா குளியலறையில் வழுக்கி விழுந்துவிட்டாள், தலையில் அடி, சீரியஸ். பக்கத்தில் நின்ற அம்மா சிரிப்பை அடக்க முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள்.

இசக்கிமணி பதறிப்போய் வந்து இறங்கினால், தென்காசி ஸ்டேஷனில் அம்மா தலை நிறையப் பூ வைத்துக்கொண்டு நிற்கிறாள். இரண்டு பேரையும் திட்டினான். அப்புறம் அவனும் சிரித்துவிட்டான். கொடையும் முடிந்தது. கறியும் சோறுமாகத் தின்றார்கள்.

இப்போது சுந்தரபாண்டியனின் அம்மா பேச்சியம்மாள் போன் செய்திருந்தாள். "நீ போகுதன்னு கேள்விப்பட்டேன் தம்பி. ஒரு பார்சல் தாரேன், அவன்கிட்ட சேத்துரு." ஊருக்கு வந்துவிட்டுத் திரும்புகிறவன் கூட்டாளிகளின் வீட்டுப் பொட்டலங்களைச் சுமந்து போக வேண்டும். அதற்கு யாரும் மாட்டேன் என்று சொன்னது கிடையாது.

"நானும் வாறேன்," என்று வேல்விழி செருப்பை மாட்டினாள். இசக்கிமணி பைக்கை உதைத்தான். குருவம்மாள் கேசரியை ஒரு டப்பாவில் வைத்தாள். பிறகு அதை எடுத்து உள்ளேயே வைத்துவிட்டாள்.

மேலகரம் தாண்டியதும் காற்று குளிர்ந்தது. வேல்விழி அண்ணனின் சட்டையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். இந்த முதுகு இங்கே இருக்கிறது என்று மனசு ஒரு நொடி நிம்மதிப்பட்டது. உடனே சட்டையிலிருந்து கையை எடுத்துக்கொண்டாள்.

"அண்ணே, அவங்ககிட்ட சொல்லிருவமா?"

"நீ வாயத் திறக்காத. சொல்லணும்னா நான் சொல்லுதேன்."

"சொல்லுவியா?"

"பாப்போம்."

"சுந்தரபாண்டியன் அண்ணன் உன்னை ஒண்ணுமே கேக்கலியா, அன்னைக்கு நீ கிளம்பும்போது?"

இசக்கிமணி ஒரு வேனுக்கு வழிவிட்டான்.

"கேட்டான். 'பைசா இருக்காலே'ன்னு கேட்டான். 'நீ போலே, தாய்தாம்லா முக்கியம், நான் அடுத்தாப்ல போய்க்கிடுதேன்'னான். ஸ்டேஷன் வரைக்கும் என் பெட்டியைத் தூக்கிட்டு வந்தான். இங்க வந்து பாத்த பெறகும் நான் அவன்ட்ட உண்மையைச் சொல்லல. போதுமா?"

சீசன் இன்னும் தொடங்கவில்லை. அருவிக்குப் போகும் வழியில் பாதிக் கடைகள் மூடிக் கிடந்தன. பேச்சியம்மாளின் நேந்திரங்காய் சிப்ஸ் கடையும் மூடியிருந்தது. வீடு கடைக்குப் பின்னால். இரண்டு மூன்று பெண்கள் பேச்சியம்மாளைச் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். இவர்களைக் கண்டதும் அவள் எழுந்து வந்து இசக்கிமணியின் தோளைத் தடவினாள், மார்பைத் தடவினாள், கையைப் பிடித்துக்கொண்டாள்.

"கால் இருக்குல்லா தம்பி? என்கிட்ட ஒளிக்காதே."

"இருக்கு அத்தை. ஆபரேசன் பண்ணியாச்சு. நல்லா இருக்கான்."

"அம்மாவுக்கு எப்பிடி இருக்கு? தலைவலி விட்டுச்சா?"

இசக்கிமணி தரையைப் பார்த்தான். "விட்டுருச்சு."

"எப்பிடி விடாமப் போகும்? கோயில்ல தினம் வேண்டிக்கிட்டேன்லா. இந்தா." அலமாரியிலிருந்து ஒரு சின்னப் பாட்டிலை எடுத்து வேல்விழியிடம் கொடுத்தாள். குற்றாலநாதர் கோயில் தைலம். "சொல்லி வச்சு வாங்கினது. உச்சியில ரெண்டு சொட்டு வச்சுத் தேய்க்கச் சொல்லு. அடிபட்ட தலை, மழைக்காலத்துல வலிக்கும்."

வேல்விழி பாட்டிலை வாங்கிக்கொண்டாள். பக்கத்தில் இருந்த ஒருத்தி சொன்னாள்: "அந்தம்மா விழுந்ததுல இந்தப் பிள்ளை தப்பிச்சான் பாரேன்."

"ஆமா," என்றாள் பேச்சியம்மாள். "ரெண்டு பேரும் அங்கன கிடந்திருந்தா நாங்க ரெண்டு தாயும்லா தவிச்சிருக்கணும். ஒருத்தியாவது நிம்மதியா இருக்கா. நான் அதுல வயிறெரிவனா? எரிய மாட்டேன்."

இசக்கிமணி வாயைத் திறந்தான். "அத்தை..." என்றான். அவள் முகத்தை நிமிர்த்திப் பார்த்தாள். அவன் கண்ணை எடுத்து, மூலையில் கட்டி வைத்திருந்த பார்சலைப் பார்த்து, "முறுக்கு எதுல, ஊறுகா எதுல? ஊறுகா ஒழுகிரப் போகுது," என்றான்.

"ஒழுகாது. மெழுகு வச்சு அடைச்சிருக்கேன்."

வேல்விழி அதற்கு மேல் அங்கே நிற்க முடியாமல் பின்கட்டுக்குப் போனாள். மீனா துவைகல்லில் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் போன் கவிழ்ந்து கிடந்தது.

"எவ்வளவுட்டி?" என்றாள் மீனா.

"ஐந்நூத்தி நாப்பத்தெட்டு. நீ?"

"பாக்கல."

"பாக்கலியா?"

"பத்தாம் கிளாசுக்கு அண்ணன்தான் பாத்துச் சொன்னான். இதுக்கும் தான்தான் பாப்பேன்னு சொல்லியிருந்தான். நேர்ல வந்து பாப்பேன்னான்." மீனா மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "நீ பாத்துச் சொல்லேன். உங்க அண்ணன் போயி அவன்ட்ட சொல்லட்டும்."

நம்பரையும் பிறந்த தேதியையும் மீனா சொல்லச் சொல்ல வேல்விழி தட்டினாள். பக்கம் சுற்றிக்கொண்டே இருந்தது. வந்ததும் அவள் இரண்டு தடவை படித்தாள்.

"ஐந்நூத்தி எழுபத்தொண்ணு."

"சும்மா சொல்லாத."

"சத்தியமா. கெமிஸ்ட்ரில நூறு."

மீனா போனைப் பிடுங்கிப் பார்த்தாள். சிரிப்பு வந்தது அவளுக்கு. வந்த சிரிப்பு அப்படியே உடைந்தது. வேல்விழியின் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதாள்.

"அவன் இங்க இருந்திருந்தா இந்நேரம் தெருவெல்லாம் லட்டு குடுத்திருப்பான். நீ உங்க அண்ணன்கிட்ட சொல்லுட்டி, அவன் காதுகிட்டப் போயி சொல்லச் சொல்லு. மயக்கத்துல இருந்தாலும் சொல்லச் சொல்லு."

"சொல்லுதேன்."

"உங்க அம்மாவுக்கு ஒண்ணும் ஆகாம இருந்ததே, அது போதும். எங்க அண்ணன் அதைத்தான் போன்ல சொன்னான். 'நான் லீவை விட்டுக் குடுத்ததுக்கு ஒரு உசுரு பொழைச்சுதுல்லா'ன்னு."

முன்பக்கம் இசக்கிமணி பைக்கை உதைக்கும் சத்தம் கேட்டது. "பிள்ள, நேரமாச்சு!" என்று கூப்பிட்டான். வேல்விழி போகவில்லை.

"மீனா. எங்க அம்மா விழல."

"என்னது?"

"விழல. நாந்தான் அப்பிடிச் சொல்லி போன் பண்ணினேன். கொடைக்கு அண்ணன் வரணும்னு. அவனுக்குத் தெரியாது. இங்க வந்து இறங்கினப்புறந்தான் தெரியும். அவன் மேல ஒண்ணுமில்ல. நாந்தான்."

வெளியே பைக் உறுமியது. பேச்சியம்மாள் யாரிடமோ, "கூட ரெண்டு முறுக்கு வைடி, ஆஸ்பத்திரில கூட இருக்கிற பிள்ளைகளும் திங்கும்லா," என்று சொல்லிக்கொண்டிருந்தாள். மீனா தோளிலிருந்து முகத்தை எடுத்தாள். கையை எடுத்தாள். துவைகல்லில் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தாள்.

"வேல்விழி."

"ம்."

"கடைசிப் பரீட்சை அன்னைக்கு, பஸ் ஸ்டாப்புல, எங்க அண்ணன் வருதான்னு உன்கிட்ட சொன்னேன்லா. நீ போன் பண்ணினது அதுக்கு முன்னாடியா, பெறகா?"