அம்மாவின் நாடோடிகள்

எங்கள் வீட்டில் விளையாட்டுப் பைத்தியம் நான் இல்லை, அம்மா. மருந்துக் கடையில் மருந்து எடுத்துக் கொடுக்கும் வேலை, முழங்கால் வலி, ஓய்வு வயதுக்குப் பக்கத்தில் வந்தாகிவிட்டது. ஆனாலும் சாயங்காலம் வீட்டுக்கு வந்து முகம் கழுவியதும் அவள் கை தேடுவது டேப்லெட்டைத்தான். அவள் ஆடுவது, வீரர்கள் தாங்களாகவே சண்டை போட்டுக்கொள்ளும் ஒரு விளையாட்டு. ஒவ்வொரு சுற்றிலும் திரையின் அடியில் ஒரு சந்தை திறக்கும். அதில் வரும் வீரர்களில் வேண்டியவர்களை எடுத்துப் பலகையில் கட்டம் பார்த்து நிறுத்த வேண்டும். மணி அடித்ததும் அவர்களே போய் எதிராளியின் ஆட்களோடு மோதுவார்கள். அதற்கப்புறம் நாம் கையைக் கட்டிக்கொண்டு வேடிக்கை பார்க்க வேண்டியதுதான்.

பேருந்து ஓட்டுநரான அப்பா இதற்கு வைத்த பெயர் பொம்மைச் சண்டை.

"உங்களுக்கு ஸ்டியரிங்காவது கையில இருக்கு. இங்க அதுவும் இல்ல. முன்கூட்டியே யோசிக்கணும், அதான் கஷ்டம்" என்பாள் அம்மா.

வீரர்கள் ஒவ்வொருவருக்கும் ஒரு குணம் உண்டு. ஒரே குணக்காரர்கள் சிலர் பலகையில் சேர்ந்தால் அந்தக் குணம் விழித்துக்கொள்ளும். காவலர்கள் சேர்ந்தால் கேடயம், வேடர்கள் சேர்ந்தால் தூரத்து அம்பு. சீசன் மாறும்போது பழைய குணங்கள் சில போய்விடும், புதிதாக ஒன்று வரும். அது வரும் நாளில் சாப்பாட்டு மேஜையில் மருந்து பாட்டில் மூடிகளைப் பரப்பி, புதுக் குணத்தை வைத்து எப்படியெல்லாம் அணி கட்டலாம் என்று நானும் அவளும் மல்லுக்கட்டுவோம். பெரும்பாலும் அவள் சொன்னதுதான் சரியாக இருக்கும். அதை ஒப்புக்கொள்ள எனக்கு ஒரு வாரம் பிடிக்கும்.

நாங்கள் ஜோடியாக ஆடுபவர்கள். அவள் பெயர் 'கசப்பு மாத்திரை', நான் 'தேன்துளி'. ஜோடி ஆட்டத்தில் ஆளுக்கொரு பலகை. ஒருவர் பலகையில் இன்னொருவர் கை வைக்கலாம், விதி அனுமதிக்கிறது. ஆனால் நாங்கள் வைத்ததில்லை. என் பலகையை யாராவது தொட்டால் எனக்குப் பொத்துக்கொண்டு வரும். அந்தக் குணம் எனக்கு அம்மாவிடமிருந்து வந்தது.

இந்தச் சீசன் தொடங்குவதற்குக் கொஞ்சம் முன்னால் அப்பா என்னை மாடிப்படியில் நிறுத்தினார்.

"அம்மா முன்ன மாதிரி இல்லம்மா. கவனிச்சியா?"

"எது முன்ன மாதிரி இல்ல?"

"சொன்னதையே சொல்றா. நேத்து கடைக்குப் போகையில எந்தப் பக்கம் திரும்பணும்னு என்னைக் கேக்குறா. வருஷக்கணக்கா போற கடை."

"தூக்கக் கலக்கமா இருந்திருக்கும்ப்பா."

"அவ மருந்து எடுத்துக் குடுக்குறவ. ஏதாவது ஆச்சுன்னா? டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போலாம், நீ சொல்லு. நான் சொன்னா எரிஞ்சு விழுறா."

"நான் சொன்னா மட்டும் கொஞ்சுவாளா?"

எனக்குக் கோபம் அப்பாவின் மேல்தான் வந்தது. நல்லா இருக்கிறவளை நோயாளி ஆக்கிவிடுவார் போலிருக்கிறதே என்று. என் வேலையே பயத்தைத் தணிப்பதுதான். லிஃப்டுக்குள் மாட்டிக்கொண்டவர்கள் உள்ளே இருக்கும் பொத்தானை அழுத்தினால் அழைப்பு எனக்கு வரும். மெக்கானிக் ஊரின் மறுகோடியில் இருந்தாலும் "இதோ ஆள் வந்துக்கிட்டே இருக்காங்க, பயப்படாதீங்க" என்று சொல்வேன். சொன்னதும் அவர்கள் மூச்சு நிதானமாகும். யாரையும் பயப்படாமல் இருக்கச் செய்வதில் நான் கெட்டிக்காரி, என்னையும் சேர்த்து.

புதுக் குணத்தின் பெயர் நாடோடி. நாடோடி வீரன் போன சுற்றில் நின்ற கட்டத்தில் இந்தச் சுற்றிலும் நிற்கக்கூடாது. ஒவ்வொரு சுற்றுக்கும் நாமே அவனை இடம் மாற்ற வேண்டும். மாற்றினால் அவன் உடம்பு நீலமாக ஜொலிக்கும், இரண்டு மடங்கு பலத்தோடு அடிப்பான். மாற்றாவிட்டால் சாம்பல் நிறமாகிச் சும்மா நிற்பான். வேலை வெட்டி இல்லாதவர்களுக்கான குணம் என்று ஆடுபவர்கள் பலரும் கரித்துக்கொட்டினார்கள். அம்மாவுக்கோ ஒரே குஷி.

"முட்டாப் பசங்க" என்றபடி மூடிகளை எடுத்து வைத்தாள். "எல்லாரும் பலகையை ஆளால ரொப்புறானுங்க. நாடோடிக்கு வேண்டியது காலி இடம். நடுவுல காவலரை நிறுத்து, ரெண்டு ஓரத்தையும் காலியா விடு. நாடோடிங்க அந்த ஓரத்துல மேலயும் கீழயும் போய்க்கிட்டே இருக்கட்டும். எதிராளிக்கு எவனைக் குறி வைக்கிறதுன்னே தெரியாது."

எனக்குப் புல்லரித்தது. இவளுக்கா மறதி? அப்பா பக்கத்து அறையில்தான் இருந்தார். அவர் காதில் விழட்டும் என்று "சூப்பர்ம்மா!" என்று கத்தினேன்.

முதல் ஆட்டம் தொடங்கியது. முதல் சுற்றில் அவள் கட்டிய அணி கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம் போல இருந்தது. இரண்டாவது சுற்றில் நாடோடிகள் நின்ற இடத்திலேயே நின்றார்கள்.

"இதென்னடீ, இவன் சாம்பலாயிட்டான்?"

"நகர்த்தலம்மா நீ."

"நகர்த்தணுமா?" என்று வீரனைத் தொட்டு, குணத்தின் விளக்கத்தைத் திறந்து, கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு வாய்விட்டுப் படித்தாள். "அடேங்கப்பா! நல்லா யோசிச்சிருக்கானுங்க."

கிண்டல் செய்கிறாள் என்று நினைத்துச் சிரித்தேன். அடுத்த சுற்றிலும் நாடோடிகள் நகரவில்லை. மறுபடி விளக்கத்தைத் திறந்தாள், மறுபடி படித்தாள். மறுபடி அதே "அடேங்கப்பா", அதே சந்தோஷம், அதே புதுசு.

பழைய குணங்கள் எல்லாம் அவளுக்குத் தலைகீழ்ப் பாடம். எப்போதோ எடுத்துவிட்ட குணத்தைக்கூட ஆதியோடு அந்தமாகச் சொல்வாள். இந்த ஒன்றுதான் உள்ளே தங்கவில்லை. நான் அப்பாவிடம் போய்ச் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. எனக்குத் தெரிந்த ஒரே வழியில் இறங்கினேன். இதைச் சுற்றி அணி கட்டப் பார்த்தேன்.

நாடோடிகளை எனக்கு அனுப்பிவிடு, நீ காவலர்களை வைத்துக்கொள் என்றேன். "புதுசு எனக்குத்தான். நீ வேணா பழசை வச்சு ஆடு" என்று முறைத்தாள். சரி, நினைவே வேண்டாத மாதிரி ஒரு வழி செய்வோம் என்று, ஒவ்வொரு சுற்றிலும் இரண்டு நாடோடிகளையும் இடது, வலது என்று மாற்றி வை, அவ்வளவுதான் என்றேன். மாற்றினாள். மாற்றியதை மறந்து மறுபடி மாற்றினாள். இருவரும் பழைய இடத்துக்கே வந்து நின்று சாம்பலானார்கள்.

கடைசியில், ஒருநாளும் செய்யாததைச் செய்தேன். மணி அடிப்பதற்கு முந்தின நொடியில், அவள் சந்தையைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, என் போனிலிருந்து அவள் பலகையைத் திறந்து நாடோடிகளை நகர்த்தினேன். இருவரும் நீலமாக ஜொலித்தார்கள்.

"பாத்தியா! கரெக்டா நகர்த்திட்டேன்" என்றாள் அம்மா.

"கலக்கிட்டம்மா."

அன்றிலிருந்து என் அணி சின்ன அணியானது. என் பலகையில் ஆட்கள் குறைவாக இருந்தால்தான் அவளுடையதைத் திருத்த எனக்கு நேரம் கிடைக்கும். அடியைத் தாங்கிக்கொண்டு நெடுநேரம் நிற்கிற ஆட்களை மட்டும் வைத்துக்கொண்டேன், அடிப்பதெல்லாம் அவளுடைய நாடோடிகள். மற்றவர்கள் தங்கள் வீரர்களை நம்பி அணி கட்டினார்கள். நான் அம்மாவின் மறதியை நம்பி அணி கட்டினேன். சொன்னால் வெட்கக்கேடு, அது நன்றாகவே வேலை செய்தது. வெள்ளி, தங்கம், வைரம் என்று ஆட்டத்தில் இருக்கும் தரப் படிகளில் ஒவ்வொன்றாக மேலே போனோம்.

"தங்கப் படியைத் தாண்டிட்டோம்ப்பா" என்று அப்பாவிடம் அலட்டிக்கொண்டேன். "மறதிக்காரங்க ஆடுற ஆட்டமா இது?"

அப்பா என் முகத்தையே பார்த்தார். "அப்படியா? சரிம்மா" என்றார். அவரும் பயப்படாமல் இருக்கத்தான் ஆசைப்பட்டார்.

வைரப் படியை எட்டிய சாயங்காலம் அம்மா டேப்பை மார்போடு அணைத்துக்கொண்டாள். பார்த்தால் கண்ணெல்லாம் தண்ணீர்.

"என்னம்மா, வைரம் நெஜமாவே குடுத்த மாதிரி அழுற?"

"உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்டீ. திட்டக்கூடாது" என்றாள். "கடையில ரேக்கையெல்லாம் மாத்தி வச்சாங்க இல்ல? ஒரு பொண்ணு கைக்குழந்தைக்குக் காய்ச்சல் மருந்து கேட்டா. நான் பழைய இடத்துல கையை விட்டு, இருந்ததை எடுத்துக் குடுத்துட்டேன். பெரியவங்களுக்குக் குடுக்குற மருந்து. அந்தப் பொண்ணு படிச்சுப் பாத்துத் திரும்பி வந்தா. படிக்காம போயிருந்தா?"

நான் அவள் பக்கத்தில் நகர்ந்து உட்கார்ந்தேன்.

"என்னென்னவோ மறக்குது, அந்தப் பயம் மட்டும் மறக்கவே இல்ல. உங்கப்பா டாக்டர்ங்கிறார். டாக்டர் என்ன கேப்பார்? இன்னிக்கு என்ன கிழமைம்பார். அதைவிடக் கஷ்டமான பரீட்சை நான் வச்சுக்கிட்டேன். புதுக் குணம் வருதில்ல, அதைக் கத்துக்கிட்டு வைரத்துக்குப் போயிட்டா என் தலை நல்லா இருக்குன்னு அர்த்தம், கடையில நிப்பேன். போக முடியலைன்னா வேலையை விட்டுடுவேன்." என் கையைப் பிடித்துக்கொண்டாள். "பாஸாயிட்டேன்டீ. நாளைக்கு நிம்மதியா கடைக்குப் போவேன்."

'ஆமாம்மா, பாஸாயிட்ட' என்று சொல்லிவிடலாம். வாய் வரைக்கும் வந்துவிட்டது. அவள் அப்படிச் சிரித்து வெகுநாளாகியிருந்தது. ஆனால் முகம் தெரியாத ஏதோ ஒரு குழந்தை, கையில் பாட்டிலோடு அதன் அம்மா, அவள் லேபிளைப் படிக்காமல் மூடியைத் திருகுவது எல்லாம் கண்முன்னால் வந்து நின்றது.

"அம்மா, நாடோடிகளை நகர்த்துனது நான்."

"எப்போ?"

"நீ சந்தையைப் பாக்குறப்போ. மணி அடிக்கிறதுக்கு முன்னாடி."

"எல்லா ஆட்டத்துலயுமா?"

"ஆமாம்மா."

கையை விட்டாள். கோபத்தில் அவள் முகம் சிவந்து நான் பார்த்திருக்கிறேன், இப்படி வெளுத்துப் பார்த்ததில்லை.

"யாருடீ உன்னைக் கேட்டா? பரீட்சை எழுதுறவளுக்குப் பின்னால உக்காந்து எழுதிக் குடுத்திருக்கியே. அதை நம்பி நான் தினம் போய் கடையில நின்னிருக்கேனே!"

"நீ பரீட்சை வச்சிருக்கேன்னு எனக்குத் தெரியாதும்மா."

"தெரியலைன்னா? என் பலகையில உனக்கென்ன வேலை?"

எனக்குப் பயமாக இருந்தது, அதனால் செய்தேன். அதைச் சொல்லி அழுதேன். அழுது முடிக்கும்வரை காத்திருந்துவிட்டு, அம்மா டேப்பைத் திறந்தாள்.

"ஒரு ஆட்டம். போனை அந்தப் பக்கம் வை. கை ரெண்டையும் மடியில வச்சுக்கோ."

தனியாள் ஆட்டத்தைத் திறந்து ஆடினாள். நாடோடிகளை நிறுத்திவிட்டு, "நகர்த்தணும், நகர்த்தணும்" என்று முணுமுணுத்துக்கொண்டே இருந்தாள். அந்த முணுமுணுப்பு இருந்தவரை நகர்த்தினாள், அவர்களும் ஜொலித்தார்கள். நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தேன். அப்புறம் சந்தையில் அவள் தேடிக்கொண்டிருந்த பெரிய காவலன் வந்தான். அவனை எடுத்தாள், யாரை எங்கே தள்ளினால் அவனுக்கு இடம் கிடைக்கும் என்று கணக்குப் போட்டாள், பழைய அம்மாவாக, அத்தனை அழகாக, நடுவில் கொண்டுவந்து நிறுத்தினாள். முணுமுணுப்பு எப்போது நின்றது என்று அவளுக்குத் தெரியவில்லை. மணி அடித்தது.

"இதென்னடீ, இவன் சாம்பலா..." என்று தொடங்கியவள் திரையைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தாள். என் முகத்தில் எல்லாம் எழுதியிருந்திருக்க வேண்டும். மீதி வார்த்தையைச் சொல்லாமல் விட்டுவிட்டாள்.

டேப்பை ஓரமாக வைத்துவிட்டுக் கடை முதலாளிக்குப் போன் போட்டாள். குரலில் ஒரு பிசிறு இல்லை. "நாளையிலேர்ந்து நான் வரலைங்க. வேற ஆள் பாத்துக்கோங்க. இல்லைங்க, வீட்ல ஒரு பிரச்சினையும் இல்ல. கண்ணு சரியாத் தெரியல, அவ்வளவுதான்." போனை வைத்த பிறகுதான் உடைந்தாள். அப்பா எப்போது வந்து நின்றார் என்று தெரியாது. அவள் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார்.

மறுநாள் காலையில் அப்பா வண்டி எடுக்கப் போய்விட்டார். நான் பல் துலக்கிவிட்டு வந்தபோது அம்மா கடைக்குக் கிளம்பி வாசற்கதவுக்கு அருகே நின்றுகொண்டிருந்தாள். தலை வாரி, புடவை மடிப்பு கலையாமல், தோளில் பை. ஒரு காலில் மட்டும் செருப்பு.

"போகக்கூடாதுன்னு தெரியுதுடீ" என்றாள் மெதுவாக. "ஏன்னுதான் தெரியல. நேத்து நீ ஏதோ சொன்ன. என்ன சொன்ன?"

இன்னிக்குக் கடை லீவும்மா என்று சொல்ல ஒரு நொடி போதும். அந்தக் குரல் எனக்குக் கைவந்த குரல். அவளும் நம்பிவிட்டு, செருப்பைக் கழற்றிவிட்டு, காப்பி போடப் போயிருப்பாள். ஆனால் அவள் பலகையில் இனிக் கை வைப்பதில்லை என்று இரவெல்லாம் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன்.

பையை அவள் தோளிலிருந்து வாங்கினேன். மேஜைக்கு அழைத்துப்போய் உட்காரவைத்து, எதிரே உட்கார்ந்து, முதலிலிருந்து சொன்னேன். கைக்குழந்தையின் மருந்து, அவள் தனக்குத்தானே வைத்துக்கொண்ட பரீட்சை, நான் நகர்த்திய நாடோடிகள், எதையும் விடவில்லை. நேற்று வெளுத்த மாதிரியே அவள் முகம் மெல்ல வெளுத்துக்கொண்டு வந்தது.

"எல்லா ஆட்டத்துலயுமா?" என்று கேட்டாள்.

"ஆமாம்மா" என்றேன்.